காற்று வரவில்லையா? முதலில் டேஷ்போர்ட் பெட்டியைத் திறங்கள்

போன மாதம் தங்கையின் கணவர் வீட்டுக்கு வந்தார். காலணியைக்கூடக் கழற்றவில்லை, புலம்ப ஆரம்பித்துவிட்டார். "மச்சான், மைவியில ஏர்கோன் காத்தே வரல. பட்டறையில கேட்டா, கூலிங் காயிலக் கழட்டிக் கழுவணுமாம், 350 வெள்ளியாம். பாப்பா வேற கார்ல ஏறினாலே தும்முறா."

இயந்திரத்தை முடுக்கி, விசிறியை உச்சத்தில் வைத்து, காற்று வரும் துவாரத்தில் கையை வைத்துப் பார்த்தேன். காற்று ஜில்லென்றுதான் இருந்தது. விசிறி போடும் சத்தமும் குறையவில்லை. ஆனால் கையில் படும் காற்றோ, வாயால் ஊதுகிற அளவுக்குத்தான் இருந்தது.

இந்த வித்தியாசம் முக்கியம். காற்று பலமாக வந்து குளிர்ச்சி இல்லையென்றால் கேஸ், கம்ப்ரஸர் பக்கம் பார்க்க வேண்டும். குளிர்ச்சி இருந்து காற்று மட்டும் மெலிந்திருந்தால், வழியில் எதுவோ அடைத்துக்கொண்டிருக்கிறது. அப்போது முதலில் சந்தேகப்பட வேண்டியது கேபின் ஃபில்டரை. காருக்குள் இருப்பவர்கள் சுவாசிக்கும் காற்றை வடிகட்டுவது அதுதான். இயந்திரத்துக்கான ஏர் ஃபில்டர் வேறு, இது வேறு. கடையில் வாங்கும்போது தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள். காரின் மாடலையும் ஆண்டையும் சொன்னால் எடுத்துத் தருவார்கள். சாதா ரகம் விலை அதிகமில்லை. கரி கலந்தது சற்றுக் கூடுதல், ஆனால் வாடையையும் ஓரளவு உறிஞ்சும். நெரிசலில் லாரிக்குப் பின்னால் நிற்பவர்களுக்கு அதுதான் என் சிபாரிசு.

மாப்பிள்ளையையே வேலை செய்ய வைத்தேன். இயந்திரத்தை அணைத்து, இடப்பக்க இருக்கைக்கு எதிரே உள்ள டேஷ்போர்ட் பெட்டியைக் காலி செய்தார். உள்ளே டோல் ரசீது, உலர்ந்த பேனா, எப்போதோ வாங்கிய மிட்டாய். பெட்டியின் இரு பக்கச் சுவர்களையும் உள்நோக்கி அமுக்கினால் அது கீழே சாயும். சில கார்களில் பக்கவாட்டில் ஒரு சிறு கை பிடித்திருக்கும், அதை முதலில் கழற்ற வேண்டும். சிலவற்றில் திருகாணி இருக்கும். வரவில்லை என்று வெடுக்கென இழுக்காதீர்கள், பிளாஸ்டிக் கொக்கி உடைந்தால் பெட்டி சரியாக மூடாது. கையேட்டில் படம் இருக்கும். பின்னால் நீளமான மூடி, அதன் கொக்கியை விடுவித்தால் ஃபில்டர் தெரியும்.

வெளியே வந்தது ஃபில்டரா, அடுப்படித் துணியா என்று சந்தேகம். மடிப்பெல்லாம் கறுப்பு, இடையே இலைச் சருகு. முன் கண்ணாடியின் அடியில்தான் வெளிக்காற்று உள்ளே நுழைகிறது, மரத்தடியில் நிறுத்தும் காரில் சருகும் கூடவே வரும். எலி கடித்துக் கூடு கட்டிய ஃபில்டரையும் பார்த்திருக்கிறேன்.

பழையதைத் தட்டி, ஊதி மறுபடி போடலாமா என்று மாப்பிள்ளை கேட்டார். வேண்டாம். மேல்தூசி போகும், இழைக்குள் சிக்கிய நுண்தூசி போகாது. பலமாக ஊதினால் இழையும் கெடும். கழுவவும் கூடாது. பள்ளத்தில் கிடந்த சருகை எடுத்துவிட்டுப் புதியதைச் செருகினோம். ஓரத்தில் உள்ள அம்புக்குறி காற்று போகும் திசையைக் காட்டும், பெரும்பாலான கார்களில் அது கீழ்நோக்கி இருக்கும். சந்தேகம் வராமலிருக்க, பழையதை உருவும் முன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. சட்டகத்தின் ஓரத்தில் அன்றைய தேதியை எழுதச் சொன்னேன். ஆண்டுக்கு ஒருமுறை மாற்றினால் போதும், புகைமூட்டம் வந்துபோன ஆண்டில் அதற்கு முன்பே.

2013 ஜூனில் மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 700-ஐத் தாண்டி அவசரநிலை அறிவித்தது நினைவிருக்கும். 300-ஐத் தாண்டினாலே அபாயம். அப்படிப்பட்ட நாட்களில் உட்காற்றே சுழலும் பொத்தானை அமுக்குங்கள். ஆனால் ஊருக்குப் போகும் நீண்ட பயணத்தில், நான்கைந்து பேரோடு மணிக்கணக்கில் அப்படியே விட்டால் ஓட்டுநருக்குத் தூக்கம் வரும், அவ்வப்போது வெளிக்காற்றை விடவும். இன்னொன்று: கரி கலந்திருந்தாலும் எந்தக் கேபின் ஃபில்டரும் கார்பன் மோனாக்சைடைத் தடுக்காது. ஓய்விடத்தில் இயந்திரத்தை ஓடவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தூங்கவே கூடாது.

பட்டறைக்காரரை நான் திட்டவில்லை. ஃபில்டர் மாற்றிய பிறகும் புளித்த வாடை வந்தால் காயிலில் பூஞ்சை பிடித்திருக்கலாம், அப்போது அவரிடம்தான் போக வேண்டும். பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் 350 வெள்ளி சொன்னதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

காற்று இப்போது முகத்தில் அடிக்கிறதாம். பாப்பாவின் தும்மலும் குறைந்திருக்கிறது என்கிறார் மாப்பிள்ளை. அதே வாரம் தங்கை இருக்கைகளையெல்லாம் வெக்யூம் போட்டிருக்கிறாள், அதனாலும் இருக்கலாம். அவளுடைய காரையும் பார்க்கச் சொல்லிப் போன் செய்தாள். ஃபில்டரை மட்டும் வாங்கி வை, பெட்டியை நீயே திற, நான் பக்கத்தில் நிற்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.