புல்வெட்டு யந்திரம் நின்றால் கூலியும் நிற்க வேண்டுமா?

ரப்பர்த் தோட்டமாயினும் செம்பனைத் தோட்டமாயினும் புல் வெட்டாத தோட்டம் என்று ஒன்று கிடையாது. இத்தனை கிலோ பால், இத்தனை டன் குலை என்று ஆபீசில் கணக்கு எழுதுகிறார்கள். பால்வெட்டுக்காரர் இருட்டோடு இருட்டாக மரத்தண்டை போய்ச் சேரவும், குலை வெட்டுபவர் பாம்புக்குப் பயப்படாமல் கால் வைக்கவும் வழி செய்து கொடுப்பவர் யார்? புல்வெட்டுத் தொழிலாளி. அவர் பெயர் எந்த விளைச்சல் கணக்கிலும் வருவதில்லை. ஆனால் அவர் முதுகில் சுமக்கும் யந்திரம் பழுதாகி நின்றுவிட்டால் மட்டும் அவர் பெயர் உடனே ஆபீசுக்கு வந்துவிடுகிறது! அந்த அநியாயத்தைப் பற்றியே இங்குச் சில வார்த்தைகள் எழுத விரும்புகிறோம்.

ஒரு காலத்தில் புல்பூண்டு ஒன்றுகூட இல்லாமல் மண்ணைச் சுரண்டி வைப்பதே நல்ல நிர்வாகத்துக்கு அடையாளம் என்று துரைமார் எண்ணினார்கள். மழை மேல்மண்ணை அடித்துக்கொண்டு போன பிறகுதான் மூடுபயிர்க் கொடிகளை வளர்க்கும் பழக்கம் வந்தது. பின்னர் மருந்து வந்தது. முதுகில் தோம்பைச் சுமந்து பாராகுவாட் அடித்தவர்களில் பெரும்பாலோர் நம் பெண்கள். நகம் உதிர்ந்து, கண் எரிந்து, மூக்கில் இரத்தம் வடிந்து அவர்கள் பட்ட பாட்டை இங்கு விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்த மருந்துக்கு 2002இல் தடை என்றார்கள், 2006இல் தளர்த்தினார்கள், 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்துதான் முற்றாகத் தடை வந்தது. வேறு மருந்துகள் இன்னும் அடிக்கப்படுகின்றன. ஆயினும் மருந்து குறைந்த இடங்களில் யந்திரம் ஏறியிருக்கிறது. விஷத்தைவிட யந்திரம் மேல் என்பதில் நமக்குச் சந்தேகம் இல்லை. பழைய புல்வெட்டுக் கத்தியையே திருப்பிக் கொடுங்கள் என்று கேட்கிறவர்களும் அல்லோம்.

நிற்க. இந்த யந்திரத்தின் பூர்வோத்திரத்தைக் கொஞ்சம் பார்ப்போம். புல்வெட்டும் யந்திரத்தை முதலில் செய்தவர் எட்வின் படிங் என்னும் ஆங்கிலேயர். கம்பளித் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வழித்தெடுக்கும் ஆலை யந்திரத்தைக் கண்டு, அதே மாதிரி உருளையில் கத்திகளைப் பொருத்தி 1830ஆம் ஆண்டில் அதைச் செய்தார். சமதரையில் வளரும் மெல்லிய புல்லுக்காக ஏற்பட்ட சாமான் அது. (மானேஜர் பங்களாவின் முன்னே அதன் பேரப்பிள்ளை இன்றும் ஓடுகிறது. அது பழுதானால் அன்று மாலைக்குள் பட்டறைக்காரர் வந்து நிற்பார்.) நம் தொழிலாளி சுமப்பது வேறு வகை. எஞ்சின் முதுகில், கத்தி நீண்ட குழாயின் நுனியில். வெட்டுவதோ லாலாங் புல், வேர், கட்டை, கல் எல்லாம் கலந்த மேட்டுச் சரிவு. இப்படிப்பட்ட இடத்தில் யந்திரம் பழுதாவது அதிசயமா? பழுதாகாமல் இருந்தால்தான் அதிசயம்.

எதனால் நிற்கிறது? இதை நம் தொழிலாளிகள் ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஏனெனில் காரணம் தெரியாதவன்மீதுதான் குற்றம் எளிதில் சுமத்தப்படும்.

இந்தச் சிறு எஞ்சின்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனியாக எண்ணெய்த் தொட்டி கிடையாது. பெட்ரோலோடு கலந்து ஊற்றும் எண்ணெய்தான் உள்ளே பிஸ்டனைத் தேயாமல் காப்பாற்றுகிறது. 25 பங்குக்கு 1 பங்கு என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லிலிட்டர் எண்ணெய். 50க்கு 1 என்றால் 20 மில்லிலிட்டர். எந்த யந்திரத்துக்கு எது என்று அதனுடன் வரும் புத்தகத்தில் எழுதியிருக்கிறது. எண்ணெய் குறைந்தால் பிஸ்டன் சூடேறி இறுகிப் போகும். அதோடு அந்த எஞ்சினின் ஆயுள் முடிந்தது போலத்தான். எண்ணெய் அதிகமானால் புகை கக்கும், பிளக் கரி பிடிக்கும், புகைபோக்கி அடைத்துக்கொள்ளும், யந்திரம் இழுக்காது. சரி, இந்தக் கலவையைச் செய்வது யார்? பல தோட்டங்களில் ஸ்டோரில் ஒரே டின்னில் மொத்தமாகக் கலந்து, காலையில் பிரட்டுக் களத்தில் ஊற்றிக் கொடுக்கிறார்கள். அளவுக் குவளை இருக்கிறதா? கண் அளவுதான், கை அளவுதான். இரண்டு மாதிரி யந்திரங்களுக்கு ஒரே கலவை. எஞ்சின் இறுகியபின் செக்ரோலில் எழுதுவது மட்டும் "தொழிலாளியின் கவனக்குறைவு" என்று!

அடுத்தது பழைய பெட்ரோல். வாரக்கணக்கில் தொட்டியில் கிடக்கும் பெட்ரோல் கெட்டு, பிசின் போலப் படிந்து, கார்புரேட்டரின் ஊசித் துவாரத்தை அடைத்துவிடும். மழைக் காலத்தில் வேலை நின்று, பிறகு யந்திரங்களை எடுக்கும் நாளில் பாதி யந்திரங்கள் கிளம்பாமல் அடம் பிடிப்பதற்கு முதற்காரணம் இதுதான். கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் கழன்று போகுமுன் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நனைந்திருந்தால் பெட்ரோல் அதிகம் ஏறிவிட்டது. துடைத்துக் காயவைத்து இழுத்தால் பிடிக்கும். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவே இல்லை. தொட்டிக்குள் இருக்கும் வடிகட்டியையும் குழாயையும் பார்க்க வேண்டும். கிளம்பி ஓடி, வேகம் கூட்டும்போது அணைந்து போனால் கார்புரேட்டரிலோ காற்று வடிகட்டியிலோ அடைப்பு இருக்கக்கூடும். காய்ந்த புல்தூளில் வேலை செய்யும் யந்திரத்துக்குக் காற்று வடிகட்டியைத் தினம் தட்டிச் சுத்தம் செய்தாக வேண்டும்.

முதுகு யந்திரத்தில் இன்னொரு நோய் உண்டு. எஞ்சினிலிருந்து கத்திக் குழாய்க்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் வளையும் தண்டு ஒன்று உறைக்குள் ஓடுகிறது. அதற்குக் கிரீஸ் போடாவிட்டால், அல்லது கூர்மையாக மடங்கும்படி பிடித்து வேலை செய்தால், அது முறிந்துவிடும். சரிவில் மேல்நோக்கி வெட்டும்போது மடங்காமல் எப்படிப் பிடிப்பது என்று ஆபீசில் இருப்பவர்கள் வந்து காட்டினால் நாமும் கற்றுக்கொள்வோம்.

பழுதாவது இருக்கட்டும், பழுதான பின் நடப்பது என்ன? புல்வெட்டு வேலை பல இடங்களில் கொந்தராப்புக் கணக்கு. வெட்டிய பரப்புக்குத்தான் காசு. யந்திரம் காலை ஒன்பது மணிக்கு நின்றால், தொழிலாளி அதைச் சுமந்துகொண்டு பட்டறைக்கு நடக்கிறார். பட்டறையில் பிளக் இல்லை, சாமான் டவுனிலிருந்து வர வேண்டும், நாளை வா என்கிறார்கள். அன்றைய கூலி போயிற்று. மறுநாளும் போயிற்று. சில குத்தகைக்காரர்கள் இதற்கும் மேலே ஒரு படி போய், சாமான் விலையையும் சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். ஏன் என்று கேட்டால், "நீ என் வேலையாள் அல்ல, கொந்தராப்புக்காரன்" என்று பதில் வருகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24ஆம் பிரிவின்படி, அச்சட்டம் அனுமதித்த பிடித்தங்களைத் தவிர வேறெதையும் முதலாளி சம்பளத்தில் கழிக்கக்கூடாது. பிளக்கும் கயிறும் கத்தியும் அந்த அனுமதியில் எங்கே இருக்கின்றன? கொந்தராப்புக்காரன் என்ற பேச்சுக்கும் 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து பதில் இருக்கிறது. அன்று அமலுக்கு வந்த 101சி பிரிவின்படி, எழுத்தில் வேலை ஒப்பந்தம் இல்லாத இடத்தில், வேலைக்கு வேண்டிய கருவிகளை ஒருவர் கொடுத்து மற்றவர் வேலை செய்தால், மாற்றாக நிரூபிக்கப்படும் வரை அவர் தொழிலாளி என்றே கொள்ளப்படுவார். ஆகவே யந்திரத்தைக் கொடுத்தவரே, அதைக் கொடுத்ததன்மூலம் தம்மை முதலாளி என்று ஒப்புக்கொள்கிறார்! இதனாலேயே சிலர் இப்பொழுது தொழிலாளியையே சொந்தமாக யந்திரம் வாங்கச் சொல்லிக் கடன் கொடுக்கிறார்கள். அந்தக் கடனுக்கு ஆசைப்பட்டுக் கையெழுத்துப் போடுமுன் சங்கக் கிளைச் செயலாளரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். மாதம் 1,700 வெள்ளி என்ற குறைந்தபட்ச சம்பளம் 2025 ஆகஸ்டு முதல் எல்லா முதலாளிகளுக்கும் பொருந்தும். கொந்தராப்புக் கணக்கில் வேலை செய்யும் தொழிலாளியின் மாதச் சம்பளமும் அதற்குக் கீழே போகக்கூடாது. யந்திரம் நின்ற நாட்கள் எத்தனை என்று காட்டி அதைக் குறைக்க முடியாது.

கூலியைவிடப் பெரியது உடம்பு. சுழலும் கத்தி ஒரு கல்லில் பட்டால் அது துப்பாக்கிக் குண்டு போலப் பாயும். 15 மீட்டர் சுற்றளவில் வேறு ஆள் நிற்கக்கூடாது என்று யந்திரம் செய்தவர்களே சொல்கிறார்கள். நம்மவர்கள் ஒரே நிரையில் நான்கு பேர் தோளோடு தோளாக வெட்டுவதை யார் காணவில்லை? உயரமான புல் சுற்றிக்கொள்கிறது, நேரம் போகிறது என்று கத்தியின் மேலிருக்கும் காப்புத் தகட்டைக் கழற்றி எறிகிறார்கள். பரப்புக்குக் கூலி என்று வைத்துவிட்டு, தகட்டைக் கழற்றாதே என்று பலகை எழுதி மாட்டினால் யார் கேட்பார்கள்? விரிசல் கண்ட கத்தியை ஒட்டவைத்துத் திரும்பக் கொடுக்கும் பட்டறைகளும் உண்டு. அப்படிப்பட்ட கத்தியைக் கையால் தொடவும் வேண்டாம். சத்தமோ கேட்க வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி நாள் முழுவதற்கும் 85 டெசிபல்தான் எல்லை. எஞ்சினை முதுகில் வைத்திருப்பவர் காதருகே அது 90ஐத் தாண்டுவது சாதாரணம். மாலையில் வீட்டுக்கு வந்தபின் பிள்ளை கூப்பிடுவது காதில் விழாதவரும், விரல் மரத்துத் தேநீர்க் குவளையைப் பிடிக்க முடியாதவரும் நம் லயங்களில் இருக்கிறார்கள்.

1994ஆம் ஆண்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, யந்திரத்தைப் பழுதில்லாமல் வைத்திருக்கும் கடமையை முதலாளிமீது வைக்கிறது. 26ஆம் பிரிவு, அச்சட்டப்படி கொடுக்க வேண்டியவற்றுக்குத் தொழிலாளியிடம் காசு வாங்கக்கூடாது என்கிறது. கண்ணாடி, காதடைப்பு, பூட்ஸ் இவற்றுக்குப் பணம் பிடித்திருந்தால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். 2024 ஜூன் முதல் இன்னுமொரு உரிமை சேர்ந்திருக்கிறது: உடனடி ஆபத்து இருப்பதாக நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளி அதை நீக்கத் தவறினால், தொழிலாளி அவ்விடத்தை விட்டு விலகலாம். அதற்காக அவரைத் தண்டிக்க முடியாது.

நம் பக்கத்திலும் குறை உண்டு. அதை மறைத்தால் நியாயம் பேச நமக்கு வாய் இருக்காது. வேலை முடிந்ததும் யந்திரத்தைத் துடைக்காமல் மழையில் போட்டுவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வெளியில் கூலிக்குப் புல் வெட்டத் தோட்டத்து யந்திரத்தைக் கொண்டுபோகிறவர்களும் இருக்கிறார்கள். இவர்களுக்காகச் சங்கம் வாதாட முடியாது. இன்று இந்த வேலையில் இந்தோனேசியத் தோழர்களும் வங்காள தேசத்துத் தோழர்களும் ஏராளம். அவர்களுக்குக் கொடுக்கப்படும் யந்திரப் புத்தகம் அவர்களுக்கும் புரிவதில்லை, நமக்கும் புரிவதில்லை. கலவை அளவையும் பிளக் பார்க்கும் விதத்தையும் தமிழ், மலாய், வங்காள மொழிகளில் ஓர் அட்டையில் அச்சிட்டு ஸ்டோர்க் கதவில் ஒட்ட எத்தனை வெள்ளி ஆகிவிடும்?

அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில் நம் பிரதிநிதிகள் இவற்றைக் கேட்க வேண்டும். பத்து யந்திரத்துக்கு ஒன்றாவது மாற்று யந்திரம் தோட்டத்தில் தயாராக இருக்க வேண்டும். பிளக்கும் வடிகட்டியும் இழுகயிறும் ஸ்டோரில் எப்போதும் கிடைக்க வேண்டும். யந்திரம் நின்ற நேரத்துக்கு நாள் சம்பளக் கணக்கில் கூலி கொடுக்க வேண்டும். இவற்றில் நிர்வாகம் மிகவும் முரண்டு பிடிக்கப் போவது மூன்றாவதில்தான். நாமும் அதில்தான் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஒப்பந்தம் வரும்வரை ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு பழுதுப் புத்தகம் ஆரம்பியுங்கள். யந்திர எண், நின்ற மணி, பட்டறையில் கொடுத்த மணி, திரும்ப வாங்கிய மணி, சொன்ன காரணம் என எல்லாவற்றையும் அன்றன்றே எழுதுங்கள். கிராணி கையெழுத்துப் போட மறுத்தால், மறுத்தார் என்பதையும் அதே வரியில் எழுதி, இரண்டு சாட்சிகளின் கையெழுத்தை வாங்கி வையுங்கள்.