வேர் வரும், செடி வராது

காளிகாட் கோயிலைச் சுற்றிய சந்துகளில் இரண்டு வியாபாரங்கள் ஓய்வதேயில்லை. ஒன்று, காளிக்குச் சாற்றும் செம்பருத்தி மாலை. இன்னொன்று, வங்காளிகள் 'தசகர்ம பண்டார்' என்று சொல்லும் பூஜை சாமான் கடை. துர்கா பூஜையில் அம்மனின் மகாஸ்நானத்துக்கு 'சர்வௌஷதி' தேவை. மஞ்சள், வசம்பு, கோரைக்கிழங்கு ஆகியவற்றோடு, நார் சுற்றிய கரும்பழுப்பு வேர் ஒன்றும் அதில் சேர வேண்டும். கடைக்காரருக்கு அது ஜடாமாங்ஸி. கூப்பிடு தூரத்திலுள்ள லேக் மார்க்கெட் தமிழர்களுக்கு, ஊரில் நாட்டு மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய அதே சடாமாஞ்சில். கூந்தல் தைலத்தில் போடுவது.

செம்பருத்தியைப் பறித்தால் மறுநாள் வேறு பூ பூக்கும். சடாமாஞ்சிலில் விலைபோவது மண்ணுக்கடியில் இருக்கும் வேர்த்தண்டு. அதைத் தோண்டினால் செடியின் கதை முடிந்தது.

இமயமலையில் சுமார் 3,000 முதல் 5,000 மீட்டர் உயரத்தில், மரங்கள் நின்றுபோகும் எல்லையை ஒட்டியும் அதற்கு மேலும் வளரும் பல்லாண்டுச் செடி இது. பனி மூடும் மாதங்களில் மேற்பகுதி காய்ந்துபோகும், வேர்த்தண்டு உறங்கும். பனி உருகியதும் துளிர்த்து, கோடையில் இளஞ்சிவப்புப் பூக்களை விடும். ஆண்டுதோறும் உதிரும் இலைகளின் அடிநார் வேர்த்தண்டைச் சுற்றிச் சடையாகத் திரள்கிறது. பெயருக்குக் காரணம் அதுதான்.

இந்தச் செடியோடு கொல்கத்தாவுக்கு ஒரு பழைய வழக்கு உண்டு. பைபிளில் இயேசுவின் பாதங்களில் பூசப்பட்டதாகச் சொல்லப்படும் விலையுயர்ந்த நளததைலம் எந்தச் செடியிலிருந்து வந்தது என்பது ஐரோப்பியப் பண்டிதர்களைக் குடைந்த கேள்வி. கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த சர் வில்லியம் ஜோன்ஸ், அது ஜடாமாங்ஸியே என்று வாதிட்டார். அவர் கட்டுரை 1790இல் 'ஏஷியாட்டிக் ரிசர்ச்சஸ்' தொகுதியில் வெளிவந்தது. வாதம் சரி, செடிதான் தவறு. அவர் பெயர் சூட்டிய 'வலேரியானா ஜடமான்சி' வேறொரு மலைச்செடி. அசல் செடிக்கு 'நார்டோஸ்டாக்கிஸ் ஜடமான்சி' என்ற பெயர் அடுத்த நூற்றாண்டில்தான் வந்தது. சந்தையில் இன்றும் ஒன்றுக்குப் பதிலாக மற்றது கலக்கிறது.

மலையிலிருந்து வேர் வருகிறதே, செடியைக் கொண்டுவந்து வளர்க்கக் கூடாதா? கொல்கத்தாவில் முடியாது. ஜனவரி இரவிலும் இங்கே வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். குளிரில் உறங்கி எழுந்து பழகிய செடிக்கு உறங்கவே வாய்ப்பில்லை. கங்கை வண்டல் மண்ணோ மழைக்காலத்தில் நீரை விடாமல் பிடித்துக்கொள்ளும். அதில் உயர்மலைச் செடியின் வேர் அழுகிவிடும்.

உயர்மலைச் செடிகளுக்காகவே உருவானது பாறைத் தோட்டம். சண்டிகரில் உடைந்த ஓட்டிலும் வளையலிலும் அமைந்த சிற்பக் காட்சியை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. இது செடிகளுக்கான ஏற்பாடு. சரிவான இடத்தில், ஒவ்வொரு கல்லிலும் ஒரு பகுதி மண்ணுக்குள் போகும்படி புதைக்க வேண்டும். கல்லின் அடியில் வேர் குளிர்ச்சியாக இருக்கும். பருமணல், சிறுசரளை, இலைமக்கு கலந்த மண்ணில் தண்ணீர் இறங்கிப் போகும். ஈரம் மட்டும் தங்கும். செடியின் கழுத்தைச் சுற்றிச் சரளை பரப்பினால் மழையில் அழுகாது. அதிக உரம் ஆகாது, இலைதான் கொழுக்கும். காலை வெயில் போதும்.

இதையெல்லாம் செய்ய டார்ஜிலிங் போன்ற உயரம் வேண்டும். அங்கே 1878இல் தொடங்கிய லாயிட் தாவரவியல் பூங்கா, கல்கத்தா தாவரவியல் தோட்டத்தின் மலைக் கிளையாகத்தான் பிறந்தது. சமவெளியில் பிழைக்காத செடிகளுக்கு மேலே ஒரு வீடு தேவை என்பதை அன்றே உணர்ந்திருந்தார்கள்.

சடாமாஞ்சிலுக்கு இந்த வீடு இப்போது அவசரத் தேவை. சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாவது பட்டியலில் 1997இல் இது சேர்க்கப்பட்டது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில், அழிவின் விளிம்பில் இருக்கும் இனம். காட்டில் தோண்டிய வேரை ஏற்றுமதி செய்ய இந்தியா தடை விதித்திருக்கிறது. ஆனால் உள்நாட்டுச் சந்தையின் பசி பெரிது. நேபாளத்திலிருந்தும் மூட்டை மூட்டையாக வருகிறது.

உத்தராகண்டில் கட்வால் ஸ்ரீநகரிலுள்ள உயர்மலைத் தாவர ஆய்வு மையம், துங்கநாத்தில் சுமார் 3,600 மீட்டர் உயரத்தில் ஆய்வுத் தோட்டம் வைத்திருக்கிறது. சடாமாஞ்சிலைப் பயிராக்க முடியும் என்பது அங்கே தெளிவாகியிருக்கிறது. விதையிலிருந்து வளர்ப்பது மெதுவான வேலை. வேர்த்தண்டைத் துண்டுபோட்டு நட்டால் சீக்கிரம் பிடிக்கும். அறுவடையின்போது தலைப்பகுதியை வெட்டித் திரும்ப நட்டுவிட்டால் அடுத்த பயிருக்கு நாற்று தயார். ஆனால் வேர் விற்கும் பருமனுக்கு வரச் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை மலைக் குடியானவர் எதைச் சாப்பிடுவது? காட்டில் தோண்டினால் இன்றே காசு. பயிரிட்ட வேருக்குக் கூடுதல் விலை கிடைக்காத வரை, தோட்டம் காட்டோடு போட்டிபோட முடியாது.

அந்தக் கூடுதல் விலையைத் தரக்கூடியவர்கள் சமவெளியில் இருக்கிறார்கள்: தைலக் கம்பெனிகள், மருந்துக் கடைகள், பூஜை கமிட்டிகள். பந்தலுக்கும் விளக்குக்கும் லட்சங்களை இறைக்கும் ஊரில், கைப்பிடி வேருக்குச் சில ரூபாய் அதிகம் கொடுப்பது சிரமமில்லை. வாங்கும்போது 'இது காட்டு வேரா, தோட்ட வேரா?' என்று யாராவது கேட்க ஆரம்பிக்க வேண்டும். பதில் தெரியாமல் கடைக்காரர் விழிக்கலாம். நாலு பேர் கேட்டால், அடுத்த சரக்கு எடுக்கும்போது அவரும் கேட்பார்.