கோல்ஃப் நமக்கு எதுக்குன்னு கேட்கிறவங்களுக்கு...

 

நம்ம கோயில் இளைஞர் பகுதி, பி40 குடும்பப் பிள்ளைகளுக்குக் கோல்ஃப் சொல்லிக்கொடுக்க மானியம் கேட்டு விண்ணப்பிக்கப் போகுது என்ற செய்தி போன வாரம் வாட்ஸ்அப் குரூப்பில் வந்ததிலிருந்து ஒரே பேச்சு. "கோல்ஃபா? அது டத்தோக்கள் விளையாட்டு." "முதல்ல டியூஷனுக்கு வழி பண்ணுங்க." "கோயிலுக்கும் கோல்ஃபுக்கும் என்னங்க சம்பந்தம்?" அன்னதான வரிசையில கூட இதே கேள்விதான். குரூப்பில் ஒரு வரியில் பதில் போட்டால் சண்டையில்தான் முடியும். அதனால கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். இது நிர்வாகத்தின் அறிக்கை அல்ல, ஒரு தொண்டூழியரின் சொந்தக் கருத்து.

முதலில் ஒன்று. உண்டியல் பணமோ அன்னதான நிதியோ ஒரு சென் கூட இதற்குப் போகக்கூடாது. போகவும் போகாது. நாம் கேட்பது விளையாட்டுக்கென்றே ஒதுக்கப்படும் மானியம். நாம் கேட்காமல் விட்டால் அது டியூஷனாக மாறி நம்ம வாசலுக்கு வராது. வேறு யாராவது கேட்டு வாங்கிக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

பணக்காரர் விளையாட்டு என்பது உண்மைதான். ஆனா அந்த மண் நமக்கு அந்நியமா? புக்கிட் ஜாலில் ஒரு காலத்தில் தோட்டம். இன்று அங்கே ஸ்டேடியமும் இருக்கு, கோல்ஃப் மைதானமும் இருக்கு. இந்தப் பக்கம் இப்படி எத்தனையோ இடங்கள். நம்ம பாட்டன் பாட்டி பால்மரம் சீவிய மண்ணு. தோட்டம் போச்சு, லயம் போச்சு, கோயில்களும் இடம் மாறின. அதுக்கப்புறம் நம்ம ஆளுங்க அந்தக் கேட்டுக்குள்ள போனது பெரும்பாலும் புல் வெட்ட, காவல் நிற்க, கேடியாகப் பை தூக்க. மாரிமுத்து ராமையா, பெரியசாமி குணசேகரன் போல நம்மவர்களும் தொழில்முறை ஆட்டக்காரர்களாக வந்திருக்கிறார்கள். திறமை இல்லாமல் இல்லை. பக்கத்து சிங்கப்பூரில் மர்டான் மாமாட் கேடியாக இருந்தவர்தான். 2006-ல் சிங்கப்பூர் மாஸ்டர்ஸ் பட்டத்தையே வென்றார்.

இன்னொருவர் கதையை நம்ம பிள்ளைகள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். தென்னாப்பிரிக்கா டர்பனில் பாப்வா செவ்கோலம் என்று ஒருவர். நம்மைப் போலவே, ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய இந்தியர்களின் வம்சம். கேடி வேலை பார்த்தே ஆட்டத்தைக் கற்றுக்கொண்டார். யாரும் சொல்லித்தராததால் மட்டையைக் கை மாற்றிப் பிடிப்பார். 1959-ல் அவருடைய முதலாளி செலவு செய்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். போன அந்த வருஷமே டச்சு ஓபன் பட்டத்தை வென்றார். 1960-லும் 1964-லும் மறுபடியும் வென்றார்.

ஆனா சொந்த ஊரில் என்ன நடந்தது? 1963-ல் நாட்டால் ஓபன் போட்டியில் ஜெயித்தார். கிளப் கட்டடத்துக்குள் வெள்ளைக்காரர்களுக்கு மட்டுமே அனுமதி. ஜெயித்தவருக்கு மழையில், வெளியே நிற்க வைத்துத்தான் கோப்பையைக் கொடுத்தார்கள். 1965-ல் கேரி பிளேயர் ஆடிய அதே போட்டியில் மறுபடியும் ஜெயித்தார். பிறகு அரசாங்கம் அவரைப் போட்டிகளிலேயே ஆடவிடாமல் தடுத்தது. 1978-ல் வறுமையில் இறந்தார்.

திறமை கொடுத்தது கடவுள். டிக்கெட் கொடுத்தது ஒரு மனுஷன். ஆனா கதவு திறக்கவில்லை. நான் சொல்ல வருவது இதுதான்: ஏழைப் பிள்ளைக்குச் செலவும் தடை, வாசலும் தடை. செலவை மட்டும் பார்க்கிற மானியம் பாதி வேலைதான் செய்யும்.

இப்ப நம்ம ஊரில் இனத்தைச் சொல்லி யாரும் தடுக்கவில்லை. ஆனா பிபிஆர் வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் கேட் இன்னமும் மூடித்தான் இருக்கு. பஸ் போகாத இடத்தில் மைதானம். காலர் வைத்த சட்டை, தனிச் சப்பாத்து. உறுப்பினர் கூட்டிப் போனால்தான் நுழைய முடிகிற கிளப்புகள். சனிக்கிழமையும் வேலைக்குப் போகிற அம்மா அப்பா. காவலாளி "யாரைப் பார்க்கணும்?" என்று கேட்டாலே திரும்பி வந்துவிடும் பிள்ளை. ஒரு செட் மட்டை வாங்கிக் கொடுத்தால் இதில் எது தீரும்?

மானியம் என்றாலே நம்ம ஜனங்களுக்குச் சந்தேகம் வருவது நியாயம்தான். எப்படிப் போகும் என்று பார்த்திருக்கிறோமே! பெரிய பேனர், எல்லாருக்கும் டி-சட்டை, பிரமுகர் வந்து முதல் பந்தை அடிப்பார், நூறு பிள்ளைகள் ஆளுக்கு அஞ்சு பந்து அடிப்பார்கள், படம் எடுப்போம், பசியாறிட்டு வீட்டுக்குப் போவோம். மறுவாரம் ஒன்றும் இருக்காது. இப்படிச் செய்வதானால் விண்ணப்பமே வேண்டாம் என்று நானே சொல்வேன்.

என் கோரிக்கை வேறு. நூறு பேர் வேண்டாம், 12 பேர் போதும். அதில் 6 பேர் பெண் பிள்ளைகள். ஒரு நாள் இல்லை, வருஷத்தில் 40 சனிக்கிழமை. பணத்தில் பெரும்பங்கு வேனுக்கும் பயிற்றுநருக்கும் பசியாறலுக்கும் போகட்டும். மட்டைகளைக் கோயிலிலேயே வைத்துப் பகிர்ந்துகொள்ளலாம், பழையதே போதும். ஆரம்பத்தில் பந்தடிப் பயிற்சித் திடலே போதும். ஆனா கூட்டமில்லாத நேரத்தில் பிள்ளைகளை மைதானத்தில் ஆடவிடுவோம் என்று ஒரு கிளப் எழுத்தில் ஒப்புக்கொண்ட பிறகுதான் விண்ணப்பம் போகணும். மாதாமாதம் வரவுசெலவுக் கணக்கு கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படணும்.

"எல்லாரும் சாம்பியன் ஆயிடுவாங்களா?" ஆகமாட்டார்கள். தேவாரம் படிக்கிற எல்லாரும் ஓதுவாராகவா ஆகிறார்கள்? வகுப்பு நடத்துவதை நிறுத்திவிட்டோமா? கோல்ஃபில் பெரும்பாலும் நடுவர் பக்கத்தில் நிற்பதில்லை. தப்பு நடந்தால் தானே சொல்லி, தானே ஒரு அடியைக் கூட்டிக்கொள்ளணும். இதைக் கோயில் பிள்ளைகள் கற்றுக்கொள்வதில் என்ன குறை? நன்றாக ஆடுகிறவர்களுக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் உபகாரச் சம்பளம் தருகின்றன. பயிற்றுநர், மைதானப் பராமரிப்பு, கிளப் நிர்வாகம் என்று வேலைகளும் உண்டு. எதுவுமே அமையாவிட்டாலும், பெரிய இடத்துக் கேட்டுக்குள் தலைநிமிர்ந்து நடக்கத் தெரிந்த பிள்ளை நாளைக்கு நேர்முகத் தேர்விலும் அப்படியே நடப்பான், நடப்பாள்.

டியூஷன் வேண்டும் என்று சொல்லும் அண்ணன்மார், அக்காமாருக்கு: வாங்க, அதையும் சேர்ந்து செய்வோம். ஒன்றைச் செய்வதற்காக மற்றதை மறுக்க வேண்டியதில்லை.

பக்தர்களில் கிளப் உறுப்பினர்கள் சிலர் இருக்கிறீர்கள். உங்களிடம் நன்கொடை கேட்கவில்லை. உங்கள் கிளப் நிர்வாகத்திடம் எங்களுக்காக ஒரு வார்த்தை பேசுங்கள். கேடியாக இருந்த பெரியவர்கள் இருந்தால் வந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். வேன் ஓட்டத் தெரிந்தவர்கள் பெயர் கொடுங்கள். இந்தத் திட்டம் பிடிக்காதவர்களும் கூட்டத்துக்கு வந்து முகத்துக்கு நேரே கேள்வி கேளுங்கள். அது குரூப்பில் பேசுவதை விட நல்லது.