முதலில் காரணம், பிறகு ஃபார்மேட்

மடிக்கணினியை ஆன் செய்ததும் நிறுவனத்தின் சின்னம் வருகிறது. புள்ளிகள் வட்டமடிக்கின்றன. திரை ஒரு நொடி நீலமாக மின்னி அணைகிறது. மறுபடி சின்னம், மறுபடி வட்டம், மறுபடி இருட்டு. ஆய்வேட்டை நாளை ஒப்படைக்க வேண்டிய மாணவியாக இருந்தாலும், 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி தாக்கல் செய்ய வேண்டிய கடைக்காரராக இருந்தாலும், இந்தச் சுழற்சியை நாலு முறை பார்த்தபின் செய்வது ஒன்றுதான். மடிக்கணினியைப் பையில் திணித்துக்கொண்டு சர்வீஸ் கடைக்கு ஓடுகிறார்கள். அங்கே மூடியைத் திறந்து பார்த்த மறு நிமிடமே தீர்ப்பு வந்துவிடுகிறது: "விண்டோஸ் போயிடுச்சு சார், ஃபார்மேட் போட்டுரலாம்."

சென்னை ரிச்சி தெருவில் தொடங்கி சிற்றூர்ப் பேருந்து நிலையத்தை ஒட்டிய கடை வரை கேட்கக்கூடிய தீர்ப்பு இது. பல நேரம் தேவையே இல்லாதது. சில நேரம் பயனே இல்லாதது. ஆனாலும் வாடிக்கையாளர்கள் தலையாட்டிவிடுகிறார்கள்.

தேவையில்லை என்பதற்கு உலகமே பார்த்த சாட்சி ஒன்று உண்டு. 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. இந்திய நேரம் காலை 9.39 மணிக்கு, கிரவுட்ஸ்ட்ரைக் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் தன் வாடிக்கையாளர்களின் கணினிகளுக்கு ஒரு சிறிய அப்டேட்டை அனுப்பியது. அந்த மென்பொருளின் ஒரு பகுதி 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது. அதற்குக் கிடைத்ததோ 20. இல்லாத இருபத்தொன்றாவதைத் தேடி, படிக்கக் கூடாத நினைவகப் பகுதியைப் படிக்கப் போய், விண்டோஸையே கவிழ்த்தது. கணினி மறுபடி தொடங்கும்போது அதே கோப்பு மறுபடி ஏற்றப்படும், மறுபடி கவிழும். 78 நிமிடங்களில் அந்த நிறுவனம் அப்டேட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆனால் அதற்குள் அதைப் பெற்றுச் சுழற்சியில் சிக்கிய கணினிகளுக்கு அதனால் பயனில்லை. மைக்ரோசாஃப்டின் மதிப்பீட்டின்படி சிக்கியவை 85 லட்சம். இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அமெரிக்காவின் டெல்டா நிறுவனத்துக்கு நிலைமை சீராகப் பல நாட்கள் பிடித்தன. ரத்தான அதன் விமானங்கள் ஏறத்தாழ 7,000.

அந்த 85 லட்சம் கணினிகளுக்கும் சொல்லப்பட்ட மருந்து என்ன? சேஃப் மோடில் திற, டிரைவர்ஸ் ஃபோல்டருக்குள் போ, 291 என்ற எண்ணைத் தாங்கிய அந்த ஒரே ஒரு கோப்பை அழி, மறுபடி தொடங்கு. அவ்வளவுதான். ஒவ்வொரு கணினியின் முன்னும் ஆள் போய் நிற்க வேண்டியிருந்ததால்தான் நாட்கள் இழுத்தன. வேலை என்னவோ சில நிமிட வேலை. காரணம் தெரிந்திருந்ததால் வந்த வசதி அது.

காரணம் தெரியாமல் போடும் ஃபார்மேட் பயனே இல்லாமல் போனதற்கும் உதாரணம் இருக்கிறது. 2003 ஆகஸ்டில் பரவிய பிளாஸ்டர் புழு, விண்டோஸ் எக்ஸ்பி கணினிகளில் அறுபது வினாடிக் கவுண்ட்டவுனைக் காட்டிவிட்டு ரீஸ்டார்ட் செய்ய வைத்தது. சலித்துப்போய் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக எக்ஸ்பி போட்டவர்கள் நிறையப் பேர். இணைய இணைப்பைக் கொடுத்த சில நிமிடங்களில் அதே புழு அதே ஓட்டை வழியாக மீண்டும் உள்ளே வந்தது. ஓட்டையை அடைக்கும் பேட்சை மைக்ரோசாஃப்ட் ஜூலை 16 அன்றே வெளியிட்டிருந்தது. முதலில் அதைப் போட்டிருந்தால் அழிக்கும் தேவையே வந்திருக்காது.

பழுது வன்பொருளில் இருந்தால் கதையே வேறு. 2011 மேக்புக் ப்ரோ மடிக்கணினிகளில் கிராபிக்ஸ் சில்லு பழுதாகி, திரையில் கோடுகள் விழுவதும் காரணமின்றி ரீஸ்டார்ட் ஆவதும் தொடர்ந்தன. அமெரிக்காவில் 2014இல் வழக்குகள் தொடுக்கப்பட்டன. 2015 பிப்ரவரியில்தான் ஆப்பிள் இலவசப் பழுதுநீக்கத் திட்டத்தை அறிவித்தது. போர்டில் உள்ள கோளாறு, எத்தனை முறை மென்பொருளை மாற்றிப் போட்டாலும் போகாது.

ஆக, தொடங்கும்போதே விழுந்து எழும் மடிக்கணினி ஒரே நோயால் அப்படிச் செய்வதில்லை. அப்டேட், டிரைவர், ராம், சாகும் தறுவாயில் இருக்கும் ஹார்ட் டிஸ்க், சூடு, பேட்டரி என்று எதுவாகவும் இருக்கலாம். எதுவென்று கண்டுபிடிப்பது ஒன்றும் சித்து வேலை இல்லை. குற்றவாளியின் பெயரைப் பெரும்பாலும் கணினியே சொல்கிறது, ஆனால் அதைப் படிக்க நேரம் கொடுப்பதில்லை. எக்ஸ்பி காலத்திலிருந்தே விண்டோஸில் ஒரு வழக்கம் உண்டு. பெரும் கோளாறு வந்தால் தானாக ரீஸ்டார்ட் செய்துகொள்ளும். அலுவலக சர்வருக்கு அது நல்லது. நள்ளிரவில் விழுந்தாலும் தானே எழுந்துகொள்ளும். வீட்டு மடிக்கணினியில் அதையே இயல்புநிலையாக வைத்தது, உரிமையாளரிடமிருந்து உண்மையை மறைப்பதற்குச் சமம்.

நல்லவேளையாக, அதை நிறுத்த வழி இருக்கிறது. விண்டோஸ் 10, 11 இரண்டும் அடுத்தடுத்து இரண்டு முறை தொடங்க முடியாமல் போனால் தாமாகவே பழுதுநீக்கும் திரையைக் காட்டும். காட்டாவிட்டால், சின்னம் தெரியும்போது பவர் பட்டனைப் பத்து வினாடி அழுத்தி அணைத்து, அதையே மறுபடி செய்தால் வரும். அதில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று போனால் ஒரு பட்டியல் கிடைக்கும். நாலாம் எண் சேஃப் மோட். ஒன்பதாம் எண்தான் இங்கே முக்கியம்: தானாக ரீஸ்டார்ட் ஆவதை அது நிறுத்தும். அதன்பின் பிழைத்திரை மின்னி மறையாது, அப்படியே நிற்கும். கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளலாம். கிரவுட்ஸ்ட்ரைக் நாளின் நீலத்திரைகளில் சிஎஸ்ஏஜென்ட் என்ற டிரைவரின் பெயர் பளிச்சென்று இருந்தது. 'மெமரி மேனேஜ்மென்ட்' என்று வந்தால் முதல் சந்தேகம் ராமின் மேல். 'இன்அக்ஸஸிபிள் பூட் டிவைஸ்' என்றால் விண்டோஸால் டிஸ்க்கை எட்ட முடியவில்லை. பயாஸில் யாரோ எதையோ மாற்றியிருக்கலாம், டிஸ்க்கே போயிருக்கலாம். 2025இல் விண்டோஸ் 11இல் இந்தத் திரையின் நிறத்தை நீலத்திலிருந்து கறுப்பாக மாற்றி, அதிலிருந்த அழுமூஞ்சிப் படத்தையும் எடுத்துவிட்டார்கள். செய்தி அதேதான்.

பிழைத்திரையே வராமல் பொசுக்கென்று அணைந்தால்? தேர்ந்த மெக்கானிக் முதலில் பயாஸ் திரையைத் திறந்து சும்மா விட்டுவைப்பார். அங்கே விண்டோஸுக்கு வேலையே இல்லை. அங்கும் அணைந்தால் மின்சாரம், சூடு, போர்டு என்று தேட வேண்டும். அரை மணி நேரம் அசையாமல் நின்றால் அவர் உபுண்டு என்ற வேறோர் இயங்குதளம் போட்ட பென்டிரைவைச் செருகி அதிலிருந்து தொடங்குவார். அதில் ஒழுங்காக ஓடினால் ராமும் பிராசசரும் ஏறக்குறைய நிரபராதிகள். கோளாறு டிஸ்க்கில் அல்லது விண்டோஸில். பழைய மாடல்களில் ராமைக் கழற்றி, அதன் தங்கப்பூச்சுப் பற்களை ரப்பரால் தேய்த்து மாட்டியதும் உயிர் பெற்ற கணினிகள் ஏராளம். புதிய மெல்லிய மாடல்கள் பலவற்றில் ராமையே போர்டோடு சேர்த்துப் பற்றவைத்துவிட்டதால் அந்த வைத்தியம் இனி நடக்காது. கடைசியாகப் போட்ட அப்டேட்தான் வில்லன் என்று தெரிந்தால், அதே பழுதுநீக்கும் திரையிலேயே அதை நீக்கலாம். சிஸ்டம் ரெஸ்டோர் பழைய தேதிக்குத் திருப்பும். இத்தனையும் தோற்றபின் வரவேண்டியது ஃபார்மேட். முதலில் போடுவது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது.

"தகவலை அப்புறம் ரெக்கவர் பண்ணிக்கலாம்" என்ற ஆறுதலையும் நம்பக் கூடாது. பழைய ஹார்ட் டிஸ்க்கில் அழித்த கோப்புகள் மேலெழுதப்படும் வரை உள்ளே கிடக்கும். மென்பொருள் கொண்டு மீட்கலாம். இன்றைய எஸ்எஸ்டியில் அழித்த இடத்தை டிரிம் என்ற கட்டளை துடைத்துவிடுகிறது. ஃபார்மேட் போட்டபின் குழந்தையின் பிறந்தநாள் படங்களும் டேலி கணக்கும் திரும்பி வருவது அநேகமாக நடக்காது. ஃபார்மேட் போட்டே ஆக வேண்டும் என்றால், டிஸ்க்கைக் கழற்றி யுஎஸ்பி கேஸில் போட்டோ, அதே உபுண்டு பென்டிரைவ் மூலமாகவோ முதலில் எல்லாவற்றையும் நகலெடுக்கச் சொல்ல வேண்டும்.

அதற்கு இப்போது ஒரு குறுக்குச் சுவர் வந்திருக்கிறது. 2024 அக்டோபரில் வந்த பதிப்பிலிருந்து, மைக்ரோசாஃப்ட் கணக்கோடு புதிதாக நிறுவப்படும் விண்டோஸ் 11 டிஸ்க்கைத் தானாகவே பூட்டிவிடுகிறது. திருட்டுப் போனால் இது பாதுகாப்பு. பழுதுபார்க்கும்போதோ 48 இலக்க மீட்புச் சாவி இல்லாமல் யாராலும் உள்ளே போக முடியாது. கிரவுட்ஸ்ட்ரைக் நாளில், சாவிகளைச் சேமித்து வைத்திருந்த சர்வரே விழுந்து கிடந்த கூத்தும் சில நிறுவனங்களில் நடந்தது. வீட்டு மடிக்கணினிகளுக்குச் சாவி பொதுவாக உரிமையாளரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு, மடிக்கணினியை வாங்கிக் கொடுத்த கடைக்காரப் பையனுக்குத்தான் தெரியும் என்பது நம்மூர் நிலவரம்.

கடைக்காரரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை. ஃபார்மேட் ஒரு மணி நேர வேலை, கட்டணம் கறாரானது. காரணம் தேடுவது அரை நாள் இழுக்கலாம். முடிவில் "ராமைக் கழற்றி மாட்டினேன், சரியாகிவிட்டது" என்றால், "இதுக்கா ஐந்நூறு ரூபாய்?" என்று கேட்பவர் வாடிக்கையாளர்தான். பார்த்ததற்குக் காசு கொடுக்க மனம் வராத இடத்தில் யாரும் பார்க்க மாட்டார்கள்.

தயாரிப்பாளர்களின் பொறுப்போ இதைவிடப் பெரிது. பிரான்ஸ் 2021 ஜனவரி 1 முதல், விற்பனைக்கு வைக்கும் மடிக்கணினி எவ்வளவு எளிதில் பழுதுபார்க்கத் தக்கது என்பதைப் பத்துக்கு இத்தனை மதிப்பெண் என்று கடையிலேயே காட்ட வேண்டும் என்று ஆக்கியது. இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் குழு அமைத்து, அதே ஆண்டு டிசம்பர் 24 அன்று பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. அது தகவல் தரும் தளம். சட்டத்தின் பல் அதற்கு இல்லை. மைக்ரோசாஃப்ட் தன் பங்குக்கு, தொடங்க முடியாத கணினி தானே இணையத்தில் தீர்வைத் தேடிப் போட்டுக்கொள்ளும் வசதியை 2025இல் விண்டோஸ் 11க்குக் கொண்டுவந்தது. 85 லட்சம் கணினிகள் கவிழ்ந்தபின் வந்த ஞானம் என்றாலும் வரவேற்க வேண்டியதே. பற்றவைத்த ராமுக்கு அதனிடம் மருந்து இல்லை.

இனி மடிக்கணினியைக் கடையில் கொடுக்கும்போது ஃபார்மேட்டுக்குச் சம்மதம் சொல்லும் முன், பிழைத்திரையில் என்ன எழுதியிருந்தது என்று கேளுங்கள். பழுதின் காரணத்தை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். அப்படி எழுதித் தருபவர் கேட்கும் பரிசோதனைக் கட்டணத்தைப் பேரம் பேசாமல் கொடுங்கள். கணினி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இன்றே உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து, அந்த 48 இலக்க எண்ணை ஒரு தாளில் எழுதிப் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள்.