கல்லூரிப் பிள்ளைகளின் கிறிஸ்மஸ் பரிசு



டிசம்பர் மாதம் பிறந்தவுடன் நம் வாலிபரிடையே ஒரு கணக்குத் தொடங்கிவிடுகிறது. விடுதியில் தங்கிப் படிக்கிறவர்கள், அன்றாடம் திருத்தணியில் ரயிலேறி அரக்கோணத்துக்கும் திருவள்ளூருக்கும் சென்னைக்கும் போய் வருகிறவர்கள், நம் ஊர் அரசு கலைக் கல்லூரியிலேயே பயில்கிறவர்கள் யாவருக்கும் இது பொது. வகுப்பில் சீட்டெடுத்தாயிற்று, கிறிஸ்சைல்டுக்கு ஒரு பரிசு. வாலிபர் ஐக்கியத்தில் மற்றொரு பரிசு. அம்மாவுக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று, உயிர்த்தோழனுக்கு ஒன்று. கையிலிருப்பதோ பேருந்துக்கும் நகலெடுப்பதற்கும் போக மிஞ்சிய சில்லறை. இந்தக் கணக்கு எந்த வருஷமும் நேராவதில்லை. நேராகாதபோது சிலர் பெற்றோரிடம் கேட்கிறார்கள். சிலர் கடன் வாங்குகிறார்கள். சிலர் வெட்கப்பட்டு, உடல்நலமில்லை என்று சொல்லிக் கூடுகைக்கே வராமல் நின்றுவிடுகிறார்கள்.

இந்த மூன்றாவது கூட்டத்தாரை மனதிற்கொண்டே இவ்வாரத் தியானத்தை எழுதுகிறேன். கிறிஸ்துவின் பிறப்பைக் கொண்டாடும் இடத்துக்கு, பரிசு வாங்கப் பணமில்லை என்ற காரணத்தால் ஒரு பிள்ளை வராமற்போனால், அந்தக் குறை பிள்ளையுடையதன்று, சபையாகிய நம்முடையது.

அரசுப் பள்ளிகளில் படித்து உயர்கல்விக்குச் சென்ற நம் பெண்பிள்ளைகளில் பலர் 2022ஆம் ஆண்டு தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்திலும், ஆண்பிள்ளைகளில் பலர் 2024ஆம் ஆண்டு தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதந்தோறும் 1,000 ரூபாய் பெறுகிறார்கள். அது படிப்புக்கென்று வந்த பணம். கடையில் பளபளக்கும் காகிதத்தில் சுற்றி வைத்திருக்கும் ஒரு பீங்கான் கோப்பை, ஒரு பொம்மை, ஒரு வாசனைத் திரவியப் புட்டி என்று மூன்று பொருள்களை வாங்கினால் அந்த மாதத்துப் பணம் ஏறக்குறையத் தீர்ந்துவிடும். தேர்வுக்குரிய புத்தகம் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும். கைப்பேசியில் சில நிமிஷங்களில் கடன் தரும் செயலிகளோ இன்னும் ஆபத்தானவை. பண்டிகை ஒரு நாளில் முடிந்துவிடும்; வட்டி முடியாது. அன்பின் பெயரால் ஒரு மாணவன் கடன்படுவதை நான் எவ்விதத்திலும் நல்லதென்று எண்ணவில்லை.

பெத்லகேமின் சரித்திரத்தைச் சொல்லும்போது, சாஸ்திரிகள் கொண்டுவந்த பொன்னையும் தூபவர்க்கத்தையும் வெள்ளைப்போளத்தையும் நாம் மறவாமல் சொல்லுகிறோம். நாடகத்தில் அந்தப் பெட்டிகளுக்குத் தங்கத்தாள் ஒட்டுகிறோம். அதே சரித்திரத்தில் வேறொரு காணிக்கையும் உண்டு. பாலகனை ஆலயத்துக்குக் கொண்டுபோனபோது மரியாளும் யோசேப்பும் பறவைகள் இரண்டைப் பலியாகச் செலுத்தும்படி சென்றார்கள் என்று லூக்கா எழுதுகிறார். லேவியராகமத்தின் பிரமாணப்படி தாயானவள் ஓர் ஆட்டுக்குட்டியைக் கொண்டுவர வேண்டும். அதற்குச் சக்தியில்லாதவள் இரண்டு காட்டுப்புறாக்களையாவது இரண்டு புறாக்குஞ்சுகளையாவது கொண்டுவரலாம். ஆகையால் ஆண்டவருடைய வீட்டாரே ஏழைகளுக்கென்று குறிக்கப்பட்ட காணிக்கையைச் செலுத்தியவர்கள். அதற்காக அவர்கள் ஆலயத்துக்குப் போகாமல் நிற்கவில்லை. ஆட்டுக்குட்டிக்காகக் கடன் வாங்கினதாகவும் வேதம் சொல்லவில்லை. தங்கத்தாள் ஒட்டின பெட்டிகளுக்குப் பக்கத்தில் அந்த இரண்டு புறாக்களையும் நம் பிள்ளைகளின் கண்முன் வைப்போமாக.

விலை குறைந்த ஒரு பரிசு எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி உண்டு. 1888 செப்டம்பர் 5 அன்று பிறந்த டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் நம் திருத்தணியின் புதல்வர். திருப்பதியில் லுத்தரன் மிஷன் பள்ளியிலும், வேலூரில் ஊரீசு கல்லூரியிலும், பின்பு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் அவர் பயின்றார். குடும்பத்தில் பணவசதியில்லை. எந்தப் பாடத்தை எடுப்பது என்ற நிலையில், அதே கல்லூரியில் பட்டம் பெற்று வெளியேறிய உறவினர் ஒருவர் தம்முடைய தத்துவப் பாடநூல்களை அவருக்குக் கொடுத்தார். கையில் வந்த புத்தகங்களே பாடத்தை முடிவு செய்தன. பின்னாளில் அவர் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானதையும், 1962இல் நாட்டின் குடியரசுத் தலைவரானதையும் நாம் அறிவோம். படித்து முடித்த பழைய புத்தகங்களைக் கொடுத்த அந்த உறவினருக்கு அதனால் என்ன செலவாகியிருக்கும்? ஆனால் அவை போய்ச் சேர்ந்த கைகள் சரியான கைகள்.

இங்கேதான் பரிசின் இரகசியம் இருக்கிறதென்று நினைக்கிறேன். பெறுகிறவரை அறிந்து கொடுப்பதே பரிசு. அன்னாள் வருஷந்தோறும் சாமுவேலுக்கு ஒரு சிறிய சட்டையைத் தைத்துக் கொண்டுபோனாள். பிள்ளை அவளோடு இல்லை. சீலோவில் ஆலயப் பணியில் இருந்தான். அவன் இவ்வளவு வளர்ந்திருப்பான் என்று மனதிலேயே அளந்தல்லவா அவள் அந்தத் துணியை வெட்டியிருக்க வேண்டும்? அந்த அளவெடுப்பை எந்தக் கடையிலும் விலைக்கு வாங்க முடியாது. நம் வாலிபரும் அப்படியே அளந்து கொடுக்கக்கூடிய சிலவற்றை இங்கே சொல்லுகிறேன்.

முதலாவது, புத்தகமும் குறிப்பேடும். மூன்றாம் ஆண்டு மாணவி தன் முதலாண்டுப் பாடநூல்களை உறையிட்டு, கடினமான பகுதிகளில் விளக்கம் எழுதி, அதே துறையில் சேர்ந்திருக்கும் இளையவளுக்குக் கொடுக்கட்டும். பழைய காகிதக் கடையில் எடைக்குப் போட்டால் அற்பக் காசு. இளையவளுக்கோ ஓராண்டின் துணை.

இரண்டாவது, கையால் எழுதிய கடிதம். அஞ்சலட்டை நம் நாட்டுக்கு 1879ஆம் ஆண்டில் காலணா விலையில் வந்தது. நெடுங்காலமாக அதன் விலை 50 காசுதான். உன்னைக் கணக்குப் பாடத்தில் தேற்றிவிட்ட பள்ளி ஆசிரியைக்கு, இன்ன நாளில் நீங்கள் சொன்ன இன்ன வார்த்தை எனக்கு உதவிற்று என்று பெயரும் நிகழ்ச்சியும் குறித்து எழுது. பொதுவான வாழ்த்து எல்லாருக்கும் போகும். அந்த நிகழ்ச்சி அவருக்கு மாத்திரமே உரியது.

மூன்றாவது, நம் முதியோருக்கென்று ஒன்று. 1960 ஏப்ரல் 1ஆம் தேதி வரைக்கும் நம் ஊர் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ஆகவே தெலுங்கில் எழுத்துக் கற்று, தெலுங்கிலேயே ஜெபிக்கிற பாட்டிமார் நம் வீடுகளில் இன்றும் உண்டு. பேரப்பிள்ளைகளுக்கோ தமிழ் எழுத்துதான் தெரியும். பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் பாடுகிற தெலுங்குப் பாடல்களைக் கேட்டுத் தமிழ் எழுத்தில் ஒரு நோட்டுப்புத்தகத்தில் எழுதுங்கள். குடும்ப ஜெபத்தில் பாட்டியோடு சேர்ந்து பாடுங்கள். பார்வை மங்கிய தாத்தாவுக்கு அவருக்குப் பிடித்த கீர்த்தனைகளைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். ஒரு நோட்டுப்புத்தகமும் ஒரு பேனாவும் போதும்.

நான்காவது, கைவேலை. பொதட்டூர்பேட்டையும் ஆர்.கே.பேட்டையும் தறிச்சத்தம் கேட்கும் ஊர்கள். துணிக்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. தையல்காரரிடம் மிஞ்சும் வெட்டுத்துண்டுகளைக் கேட்டு வாங்கிச் சந்தைக்குப் போகும் அம்மாவுக்கு ஒரு பை தைக்கலாம். யோப்பா பட்டணத்தில் தொற்காள் மரித்தபோது, அவள் செய்துகொடுத்த உடைகளை விதவைகள் பேதுருவுக்குக் காண்பித்து அழுதார்கள். அவளைக் குறித்து நீண்ட பிரசங்கம் எதுவும் தேவைப்படவில்லை. தையல் வராதவர்கள் இப்பொழுதே ஒரு கற்பூரவல்லிக் கிளையை நட்டு வைத்தால் பண்டிகைக்குள் வேர்விட்டிருக்கும்; கைக்குழந்தையுள்ள வீட்டுக்கு அது பயன்படும்.

ஐந்தாவது, நேரம். ஓய்வூதியருக்கு ஆயுள் சான்று பதிவு செய்ய உதவுவது, வெளியூரிலிருக்கும் மகனோடு முகம் பார்த்துப் பேச அத்தைக்குக் கைப்பேசியில் கற்றுக்கொடுப்பது, அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு ஜனவரி மாதம் முழுவதும் ஆங்கிலம் சொல்லித் தருவது ஆகிய இவற்றை ஒரு சீட்டில் எழுதிக் கையொப்பமிட்டு உறையிலிட்டுக் கொடுக்கலாம். கொடுத்தபின் சொன்னபடி செய்யவேண்டும். செய்யாத வாக்குறுதி பரிசாகாது.

இதற்கு மறுப்பும் உண்டென்று அறிவேன். கைச்செய் பொருள் கொடுத்தால் கஞ்சத்தனம் என்று சொல்லமாட்டார்களா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். சிலர் சொல்லத்தான் செய்வார்கள். ஆனாலும் மனமே முக்கியம் என்று சொல்லிக்கொண்டு கடைசி இரவில் கைக்கு வந்ததைச் சுற்றிக் கொடுப்பதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. பணம் குறைந்த இடத்தில் கவனம் கூடவேண்டும். விலை குறைந்த பரிசுக்கு முன்கூட்டியே நாள் ஒதுக்க வேண்டும். அதனாலேயே இதை இப்பொழுது எழுதுகிறேன்.

கிறிஸ்மா, கிறிஸ்சைல்டு வழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெயரெழுதிய சீட்டைக் குலுக்கி எடுத்து, யார் என்று காட்டாமல் சில நாட்கள் நன்மை செய்து, முடிவில் வெளிப்படுவது அழகான வழக்கம். மீறா பட்டணத்துப் பேராயர் நிக்கொலாவைக் குறித்த மரபும் அதுவே: ஏழைத் தகப்பனின் மூன்று குமாரத்திகளுக்கு அவர் இரவில் மறைவாகப் பொருள் கொடுத்தார் என்பார்கள். மறைவு அதன் ஜீவன். இப்பொழுதோ பரிசைப் பிரித்துப் படமெடுத்து நிலைப்பதிவில் போடுவதால், மறைவு போய் ஒப்பீடு வந்துவிட்டது. ஆகவே நம் வாலிபர் ஐக்கியத்துக்கு என் ஆலோசனை இதுதான்: இவ்வருஷம் பரிசின் செலவு 100 ரூபாயைத் தாண்டவேண்டாம், பரிசோடு கையால் எழுதிய ஒரு பக்கம் கட்டாயம் இருக்கட்டும், பரிசுகளைப் படமெடுக்க வேண்டாம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் இந்த வரம்புக்கு முதலாவது கீழ்ப்படியட்டும். அதுவே அவர்கள் தோழருக்குக் கொடுக்கும் பெரிய பரிசு.

பெரியோர்களே, நமக்கும் பங்குண்டு. பிள்ளை கொண்டுவந்த நோட்டுப்புத்தகத்தைக் கையில் வாங்கியவுடன் அலமாரியில் செருகிவிடாதிருங்கள். விருந்தினர் முன்னிலையில் அதைத் திறந்து வாசியுங்கள். என்ன விலை என்ற கேள்வியை இந்தப் பண்டிகையில் நம் வீடுகளிலிருந்து விலக்குவோம்.

டிசம்பர் 31 இரவில் நாம் புத்தாண்டு ஆராதனைக்குக் கூடும்போது, மலைக்கோயிலின் படித்திருவிழாவுக்கு வெளியூர் மக்கள் திரளாக வந்து 365 படிகளையும் ஏறுவார்கள். தெருவெல்லாம் நடந்து களைத்த கால்கள். நம் வாலிபர் வாசலில் நின்று தாகமுள்ளவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கட்டும். பெயர் கேட்க வேண்டாம், ஊர் கேட்க வேண்டாம். திருப்பிக் கொடுக்க இயலாதவர்களுக்குச் செய்யும் உபசாரத்தையே நம் ஆண்டவர் மேன்மையாகப் பேசினார். ஒரு குடம் தண்ணீருக்கு எந்த மாணவனும் கடன்பட வேண்டியதில்லை.

பாலகனாய் வந்த ஆண்டவர் உங்கள் பிள்ளைகளின் கைகளை நிறைவாக்குவாராக. ஆமென்.