டில்லி பூட்டி வைத்திருக்கும் அறிக்கை

1962 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 12 ஆந் திகதி இந்தியப் பிரதமர் பண்டித நேரு இலங்கைக்குப் புறப்பட்டார். டில்லி விமான நிலையத்தில் அவரைச் சூழ்ந்துகொண்ட பத்திரிகையாளர் வடகிழக்கு எல்லை நிலவரம் பற்றி வினவினர். இந்திய நிலத்தை விடுவிக்குமாறு இராணுவம் பணிக்கப்பட்டிருக்கிறது, நாளைக் குறிப்பது இராணுவத்தின் பொறுப்பு என்னுங் கருத்துப்பட விடையிறுத்துவிட்டு அவர் கொழும்புக்கு விமானமேறினார். போர் வருமென்று அவர் எண்ணியிருந்தால் அந்த வேளையில் நாட்டைவிட்டுப் புறப்பட்டிருப்பாரா?

எட்டு நாட்கள் சென்றன. 20 ஆந் திகதி விடியற்காலையிற் சீனப் பீரங்கிகள் முழங்கின. நாம்கா சூ என்னும் மலையாற்றின் கரையில் நிறுத்தப்பட்டிருந்த இந்தியாவின் 7 ஆவது பிரிகேட் சில மணி நேரத்திற் சிதறுண்டது. அங்கே நின்ற போர்வீரனின் நிலையைச் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். பனிமலையிலே பருத்தி உடை; பையிலே ஐம்பது தோட்டா; கையிலே உலகப் போர்க் காலத்து 303 துவக்கு. விமானத்திலிருந்து போடப்பட்ட உணவும் தளபாடமும் பெரும்பாலும் பள்ளத்தாக்குகளில் வீழ்ந்து தொலைந்தன. எதிரி மேலே தாக் லா முகட்டில் நின்றான். இவர்கள் கீழே ஆற்றோரத்தில் நின்றனர். இவ்விடம் படை நிறுத்துதற்கு உகந்ததன்று எனப் பிரிகேட் தளபதி ஜோன் தல்வி மேலிடத்துக்கு எடுத்துரைத்தார். கேட்பாரில்லை. அவரே 22 ஆந் திகதி சீனரிடஞ் சிறைப்பட்டார். 1969 இல் அவர் வெளியிட்ட நூலுக்கு 'இமாலயத் தவறு' என்று பொருள்படப் பெயரிட்டார்.

ஒரு மாதம் நீடித்த அந்த யுத்தத்தில் போம்டிலா வீழ்ந்தது. அசாமின் தேஸ்பூர் நகரத்தை மக்கள் விட்டோடினர். அணிசேராக் கொள்கையின் தந்தையென்று உலகம் போற்றிய நேரு, நவம்பர் 19 ஆந் திகதி அமெரிக்க ஜனாதிபதி கெனடியிடம் போர் விமானங்கள் வேண்டிக் கடிதம் எழுதும் நிலைக்குத் தள்ளப்பட்டார். நவம்பர் 21 இற் சீனா தானாகவே போர்நிறுத்தம் அறிவித்தது. இந்தியத் தரப்பில் 1,383 பேர் மாண்டனர். 1,696 பேர் காணாமற்போயினர். ஏறத்தாழ 4,000 பேர் சிறைப்பட்டனர்.

தோல்வி எங்ஙனம் நேர்ந்தது என்று ஆராய்வதற்கு லெப்டினன்ட் ஜெனரல் ஹென்டர்சன் புறூக்ஸ், பிரிகேடியர் பகத் ஆகிய இருவரையும் இந்திய இராணுவம் நியமித்தது. பகத் உலகப் போரில் விக்டோரியா சிலுவை பெற்ற வீரர். அவர்களுடைய அறிக்கை 1963 இல் முடிவுற்றது. அந்த ஆண்டு செப்டெம்பர் 2 ஆந் திகதி பாதுகாப்பு மந்திரி சவான் அதன் சாரத்தை மட்டும் பாராளுமன்றத்திற் கூறினார். பயிற்சியிற் குறை, தளபாடத்திற் குறை, கட்டளையமைப்பிற் குறை என்று சில தலைப்புகள், அவ்வளவே. அறிக்கை அறைக்குள் வைத்துப் பூட்டப்பட்டது. சீனரைப் புனித மண்ணிலிருந்து விரட்டுவோம் என்று 1962 நவம்பர் 14 இல் எழுந்து நின்று சபதஞ் செய்த அந்த மன்றத்துக்கே, அறுபது ஆண்டுகள் கடந்தும் முழு அறிக்கை காட்டப்படவில்லை.

இந்தப் பூட்டுக்குக் கட்சிபேதங் கிடையாது. 2010 இற் காங்கிரஸ் அரசாங்கத்தின் பாதுகாப்பு மந்திரி அன்ரனி, அறிக்கையின் உள்ளடக்கம் இன்றும் இராணுவ நடவடிக்கைகளோடு தொடர்புடையது, ஆகையால் வெளியிடலாகாது என்றார். 2014 மார்ச்சில், எதிர்க்கட்சியில் இருந்தபோது, பழைய ஆவணங்களை இப்படிப் பூட்டி வைப்பது தகாது என்று அருண் ஜெயிற்லி வாதாடினார். நான்கே மாதங்களில், தாமே பாதுகாப்பு மந்திரியாகிய பின், வெளியிடுவது தேச நலனுக்கு உகந்ததன்று என்றார். எதிர்க்கட்சி ஆசனத்திலிருந்து மந்திரி ஆசனத்துக்குச் சில அடி தூரந்தான். அந்தச் சில அடியில் ஒருவருடைய நியாயம் எவ்வளவு மாறிவிடுகிறது!

நாட்டின் பாதுகாப்புக்காகவே மறைக்கிறோம் என்னும் வாதத்தை நாம் இலேசாக ஒதுக்கவில்லை. எல்லை இன்னுந் தீராத எல்லை. ஆயினும் யாரிடமிருந்து மறைக்கப்படுகிறது? நாம்கா சூவில் இந்தியப் படை எங்ஙனம் நின்றது என்பதைத் தாக்கிய சீனர் அன்றே அறிவர். நெவில் மக்ஸ்வெல் என்னும் ஆங்கிலப் பத்திரிகையாளர் 1970 இல் எழுதிய நூலில் அறிக்கையின் பொருளை எடுத்தாண்டார். 2014 மார்ச்சில் அதன் முதற் பாகத்திற் பெரும்பகுதியை எவரும் வாசிக்கத்தக்கதாக இணையத்தில் வெளியிட்டார். பீக்கிங்கில் இருக்கும் படையதிகாரி அதனை வாசிக்கலாம். தகப்பனைப் போரிலே பறிகொடுத்த இந்தியக் குடிமகன் தன் அரசாங்கத்திடம் கேட்டால் மட்டும் கிடைக்காது.

வெளிவந்த அப்பகுதியை வாசிப்போருக்குப் பூட்டின் காரணம் விளங்கிவிடும். 1961 நவம்பர் 2 ஆந் திகதி டில்லியில் நடந்த கூட்டத்தில், சர்ச்சைக்குரிய நிலத்தில் முன்னேறிச் சிறு சிறு காவலரண்கள் அமைப்பதென்று முடிவாயிற்று. அவற்றுக்குப் பின்னே பெரும்படை நிறுத்தப்படல் வேண்டும் என்பதும் அம்முடிவின் ஒரு பகுதி. இராணுவத் தலைமையகம் களத்துக்கு அனுப்பிய கட்டளையில் இந்தப் பகுதி விடுபட்டுப் போயிற்று. சீனர் எதிர்த்துத் தாக்கமாட்டார் என்பது புலனாய்வுத் துறையின் ஊகம். அந்த ஊகமே கொள்கையாயிற்று. படைபலத்துக்கு ஏற்றவாறே அரசியற் கட்டளை அமைதல் வேண்டும் என்று மேற்குப் பிராந்தியத் தளபதி தவ்லத் சிங், போர் மூள்வதற்கு இரு மாதங்களுக்கு முன்னர், 1962 ஓகஸ்டில் எழுத்திலேயே எச்சரித்தார். அதற்கும் பயனில்லை. இவ்வளவையும் எழுதிய ஆய்வாளர் இருவரும் இராணுவத் தலைமையகத்தின் செயல்களை ஆராயவேண்டாமென்று பணிக்கப்பட்டிருந்தனர். மந்திரிமார் பக்கம் அவர்கள் எட்டியும் பார்க்கவில்லை. அங்ஙனமிருந்தும் அறிக்கை அத்துணை கசப்பானதாயிற்று.

போர்வீரன் தன் கடமையிற் பிழை விட்டானல்லன். 1962 நவம்பர் 18 இல் லடாக்கின் ரெசாங் லாவில் மேஜர் ஷைத்தான் சிங் தலைமையில் நின்ற குமாவுன் படையணிக் கம்பனியில் ஏறத்தாழ 120 பேரில் நூற்றுக்கு மேற்பட்டோர் நின்ற இடத்திலேயே மாண்டனர். தப்பி வந்தோர் சொன்ன கதையை முதலில் நம்புவாரில்லை. அடுத்த ஆண்டு பனி இளகத் தொடங்கியபோது, துவக்கைப் பிடித்தபடியே உறைந்து கிடந்த உடல்கள் அக்கதைக்குச் சான்று பகர்ந்தன.

இனி, இந்த மறைப்பினால் விளைந்த பெருங்கேடு எதுவென்று கூறுவோம். அக்சாய் சின் வழியே சீனா வீதி அமைத்து முடித்தது 1957 இல். இந்திய அரசாங்கம் அதனை அறிந்து 1958 ஒக்டோபரில் சீனாவுக்கு இரகசியமாகக் குறிப்பெழுதியது. பாராளுமன்றத்துக்கும் மக்களுக்கும் இந்தச் செய்தி 1959 ஓகஸ்டில்தான் சொல்லப்பட்டது. ஈராண்டு மறைத்த செய்தி ஒரே நாளில் வெடித்தால் மக்கள் கொதிக்கமாட்டாரா? 1960 ஏப்ரிலில் சூ என்லாய் டில்லிக்கு வந்து பேசியபோது நேருவின் கைகள் அந்தக் கொதிப்பினாற் கட்டுண்டிருந்தன. விட்டுக்கொடுத்தால் துரோகம் என்னும் நிலை. பேச்சு முறிந்தது.

இதே கதை கொழும்பிலும் நடந்தது. 1962 டிசெம்பர் 10 முதல் 12 வரை திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்கா பர்மா, கம்போடியா, கானா, இந்தோனேசியா, ஐக்கிய அரபுக் குடியரசு ஆகிய நாடுகளின் பிரதிநிதிகளைக் கொழும்பிற் கூட்டினார். அடுத்த மாதமே பீக்கிங்குக்கும் டில்லிக்கும் நேரிற் சென்று யோசனைகளை விளக்கினார். இந்தியா ஏற்றது; சீனா நிபந்தனைகளோடு ஏற்றது; பேச்சுவார்த்தை மட்டும் தொடங்கவேயில்லை. சீனாவின் பிடிவாதத்தை நாம் மூடிமறைக்க வரவில்லை. முன்கூட்டியே திட்டமிட்டுத் தாக்கியது சீனா. அதன் ஆவணங்களும் இன்றும் இருட்டிலேயே கிடக்கின்றன. ஆனால் நண்பன் முதுகிற் குத்தினான் என்னும் ஒரே செய்தியை மட்டும் அறிந்த மக்கள், தங்கள் அரசாங்கம் காவலரண்களை எங்கே எந்த நம்பிக்கையில் அமைத்தது என்பதை அறியாத மக்கள், சமரசத்துக்கு எங்ஙனம் இடங்கொடுப்பர்?

உண்மையை வெளியிட்டால் படை மனந்தளரும் என்பாருக்குக் கார்கிலைக் காட்டுவோம். 1999 இல் நடந்த அந்தப் போர் முடிந்தவுடன் திருச்சிராப்பள்ளியிற் பிறந்த கே. சுப்பிரமணியம் தலைமையிற் குழு அமைக்கப்பட்டது. ஐந்து மாதங்களுள் அறிக்கை எழுதி முடிந்தது. சில பகுதிகள் நீக்கப்பட்டனவெனினும் 2000 பெப்ரவரியில் அது பாராளுமன்றத்திலே வைக்கப்பட்டு நூலாகவும் வெளிவந்தது. புலனாய்வின் தவறுகளை அது பகிரங்கமாகவே எடுத்துரைத்தது. படை சிதைந்துவிடவில்லை. அவ்வறிக்கையால் எழுந்த விவாதத்தின் வழியே முப்படைகளுக்கும் பொதுத் தளபதி என்னும் பதவி 2020 ஜனவரியில் உருவாயிற்று. இருபது ஆண்டுகள் சென்றன என்பது வேறு விஷயம்.

கார்கிலில் திறந்த கதவு கல்வானில் மறுபடி அடைபட்டது. 1962 யூலையில் இந்தியக் காவலரண் ஒன்றைச் சீனர் சுற்றிவளைத்த அதே பள்ளத்தாக்கில், 2020 யூன் 15 இரவு கேணல் சந்தோஷ் பாபு உட்பட 20 இந்தியப் படையினர் உயிர்நீத்தனர். எவரும் எல்லைக்குள் நுழையவில்லை என்று நான்கு நாட்களின் பின் பிரதமர் மோடி கூறினார். அவ்வாறாயின் அந்த 20 பேரும் எதன்பொருட்டு மாண்டனர் என்று கேட்டோருக்கு நேரான விடை கிடைக்கவில்லை.

இவ்வளவும் இமயமலைச் செய்தி, நமக்கென்ன என்று எமது வாசகர் எவரும் கேளார். 1987 யூலையில் இந்திய அமைதி காக்கும் படை இந்நாட்டில் வந்திறங்கியது. அந்த ஒக்டோபரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகச் சூழலில் ஹெலிகொப்டரில் இறக்கப்பட்ட சீக்கியப் படையினர் 30 பேரில் 29 பேர் ஓரிரவில் மாண்டனர். எதிரில் இருப்பவர் எத்தகையோர் என்று அறியாமல் இளைஞரை அனுப்புவது நாம்கா சூவோடு முடியவில்லை. அதே மாதம் 21 ஆந் திகதி யாழ்ப்பாண வைத்தியசாலைக்குள் அந்தப் படை நுழைந்தபோது நோயாளரும் வைத்தியரும் தாதியருமாக ஏறத்தாழ 70 பேர் கொல்லப்பட்டனர். 1990 மார்ச் 24 இற் கடைசி அணி கப்பலேறியது. மாண்ட ஏறத்தாழ 1,200 இந்தியப் படையினருக்குப் பத்தரமுல்லையில் நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டிருக்கிறது. அவர்களை எந்த மதிப்பீட்டில் அனுப்பினர், வைத்தியசாலையில் நடந்ததற்குப் பொறுப்பாளி யார் என்பவற்றைக் கூறும் விசாரணை அறிக்கை எதுவும் டில்லியிலிருந்து எமது கைக்கு வந்ததில்லை.

2021 யூனில் இந்தியப் பாதுகாப்பு மந்திரி ராஜ்நாத் சிங் ஒரு புதிய கொள்கைக்கு ஒப்புதல் அளித்தார். போர்களைப் பற்றிய ஆவணங்கள் சாதாரணமாக 25 ஆண்டுகளுள் இரகசியப் பட்டியலிலிருந்து நீக்கப்படல் வேண்டும் என்பது அதன் சாரம். இதை நாம் மனமுவந்து வரவேற்கிறோம். அந்தக் கணக்கின்படி ஹென்டர்சன் புறூக்ஸ் அறிக்கையின் தவணை 1988 இல் முடிந்தது; இலங்கையில் நடந்த நடவடிக்கைகளின் ஆவணங்களுக்கு 2015 இல் முடிந்தது. புதிய கொள்கையை நிறைவேற்றும் குழுவினர் எந்த அலுமாரியை முதலில் திறப்பது என்று தேடி அலையவேண்டியதில்லை. 1963 இன் அலுமாரியை முதலில் திறக்கட்டும். அடுத்ததாக 1987 இன் அலுமாரியைத் திறக்கட்டும். அதில் உள்ளவற்றைப் படிக்கும் உரிமை இந்தியக் குடிமக்களுக்கு உண்டு. யாழ்ப்பாணத்திற் பிள்ளைகளைப் புதைத்தவர்களுக்கும் உண்டு.