இல்லாத ஒருவருக்கும் கட்டணமா?

கப்பல் சுற்றுலா செல்வந்தர்களுக்கு மட்டுமே உரியது என்ற நிலை மாறி வருகிறது. சர்வதேச உல்லாசக் கப்பல் நிறுவனங்களின் கூட்டமைப்பு தரும் கணக்கின்படி, 2019-இல் உலக அளவில் ஏறத்தாழ 2.97 கோடி பேர் கடல்வழிச் சுற்றுலா சென்றனர். கரோனா காலத்தில் அடியோடு சரிந்த அந்த எண்ணிக்கை, 2024-இல் 3.46 கோடியாக உயர்ந்துவிட்டது. சென்னைத் துறைமுகத்திலிருந்து 2022 ஜூன் மாதம் தனியார் உல்லாசக் கப்பல் சேவை தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே அக்கப்பல் இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைமுகங்களுக்கும் சென்று வந்தது.

இத்தகைய பயணங்களுக்கான விளம்பரங்களில் பெரிய எழுத்தில் அச்சிடப்படும் கட்டணத்துக்கு அருகே பெரும்பாலும் ஒரு சிறிய நட்சத்திரக் குறி இருக்கும். ஓர் அறையில் இருவர் தங்கும்போது ஒருவருக்கு ஆகும் கட்டணம் என்பது அதன் பொருள். தனியாகச் செல்ல விரும்புபவருக்கு விளம்பரத்தில் கண்ட தொகைக்கு இடம் கிடைப்பது அரிது. பல நேரங்களில் இருவருக்குமான கட்டணத்தை, அதாவது 200 சதவீதத்தை, அவர் ஒருவரே செலுத்த நேரிடுகிறது. ‘ஒற்றைப் பயணிக் கூடுதல் கட்டணம்’ என்று கப்பல் துறை இதற்குப் பெயரிட்டிருக்கிறது.

ரயிலில் தனியாகச் செல்பவர் ஒரு படுக்கைக்குப் பணம் கட்டுகிறார். விமானத்தில் ஓர் இருக்கைக்குக் கட்டுகிறார். தங்கும் விடுதியில் அறைக்குத்தான் வாடகை என்பது அனைவருக்கும் தெரியும்; அங்கே விளம்பரமும் அறைக்கே செய்யப்படுகிறது. உல்லாசக் கப்பலோ, விளம்பரம் செய்யும்போது விமானத்தைப் போல ஆளுக்கு இவ்வளவு என்கிறது. வசூலிக்கும்போது விடுதியைப் போல அறைக்கு இவ்வளவு என்கிறது. தனிப் பயணியின் சிக்கல் இந்த இரட்டைக் கணக்கில்தான் தொடங்குகிறது.

நிறுவனங்கள் தரப்பில் இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. கப்பலின் கொள்ளளவை அவை அறைக்கு இரண்டு பேர் என்ற அளவுகோலால் கணக்கிடுகின்றன. ஓர் அறையில் மூன்றாவதாகவோ நான்காவதாகவோ குழந்தைகள் தங்கினால், நிரம்பல் விகிதம் நூறு சதவீதத்தைத் தாண்டிவிடும். பெரிய நிறுவனங்கள் தங்கள் ஆண்டறிக்கைகளில் நூற்றுக்கும் மேற்பட்ட சதவீதத்தைப் பெருமையுடன் காட்டுவது இதனால்தான். இந்தக் கணக்கில், இருவர் அறையில் ஒருவர் மட்டும் தங்கினால் அந்த அறை பாதி காலி. மேலும், இந்நிறுவனங்களின் வருவாய் பயணச்சீட்டோடு முடிவதில்லை. மதுபானம், சூதாட்டக்கூடம், கரைச்சுற்றுலா, இணைய வசதி, சிறப்பு உணவகங்கள் எனக் கப்பலுக்குள் நடக்கும் விற்பனையும் பெரும்பங்கு வகிக்கிறது. ஒருவர் குறைந்தால் ஒருவரின் செலவும் குறையும். அந்த இழப்பையும் சேர்த்தே தனிப் பயணியிடம் ஈடுகட்டப் பார்க்கிறார்கள்.

இந்த வாதத்தில் ஒரு பாதிதான் உண்மை. அறை ஒன்றுதான் என்றாலும், தனிப் பயணி உண்பது ஒருவருக்கான உணவு. பயன்படுத்துவது ஒருவருக்கான நீர். பெறுவது ஒருவருக்கான சேவை. முழு இரட்டைக் கட்டணம் செலுத்துபவர், வராத ஒருவரின் சாப்பாட்டுக்கும் சேர்த்தே பணம் கட்டுகிறார்.

அறையின் அளவே சிக்கல் என்றால், அறையை மாற்றி அமைக்க முடியும் என்பதை இத்துறையே நிரூபித்திருக்கிறது. நார்வீஜியன் நிறுவனம் 2010-இல் கடலில் இறக்கிய ‘நார்வீஜியன் எபிக்’ கப்பலில், தனிப் பயணிகளுக்கென்றே 128 சிறிய அறைகளைக் கட்டியது. ஏறத்தாழ நூறு சதுர அடி கொண்ட அந்த அறைகளிலிருந்து கடலைப் பார்க்க முடியாது. ஆனால், அங்கு தங்குவோர் மட்டுமே நுழையக்கூடிய பொதுக் கூடம் ஒன்று அமைக்கப்பட்டது. தனியாக வந்தவர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்ள அது வழிவகுத்தது. பிற்காலத்தில் கடல் தெரியும் அறை, மாடத்துடன் கூடிய அறை ஆகியவற்றையும் அந்நிறுவனம் தனிப் பயணிகளுக்கு ஒதுக்கத் தொடங்கியது. கியூனார்டு நிறுவனத்தின் ‘குயின் மேரி 2’ கப்பலில், 2016-இல் நடந்த சீரமைப்பின்போது 15 ஒற்றை அறைகள் சேர்க்கப்பட்டன. ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கான பிரிட்டனின் ‘சாகா’ நிறுவனம், தன் புதிய கப்பல்களில் கணிசமான அறைகளை ஒருவர் தங்குவதற்கென்றே, அதுவும் மாடத்துடன் அமைத்தது. முதுமையில் துணையை இழந்தோர் ஏராளம் என்பதை அறிந்த நிறுவனம் அது.

எனவே, தனியாகப் பயணம் செய்ய விரும்புவோர் நிறுவனங்களை ஒப்பிடும்போது விளம்பரக் கட்டணத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, ‘ஒருவருக்கு ஓர் இரவுக்கு ஆகும் மொத்தச் செலவு’ என்ற ஒரே அளவுகோலைக் கைக்கொள்ள வேண்டும். எடுத்துக்காட்டாக, ஐந்து இரவுப் பயணம் ஒன்றுக்கு ஆளுக்கு 40,000 ரூபாய் என்று விளம்பரம் வருவதாகக் கொள்வோம். முழுக் கூடுதல் கட்டணத்துடன் தனிப் பயணி செலுத்துவது 80,000 ரூபாய். வேறொரு நிறுவனம் அதே பயணத்துக்கு ஆளுக்கு 50,000 ரூபாய் கேட்டு, கூடுதல் கட்டணத்தை 25 சதவீதமாக வைத்திருந்தால், அவர் செலுத்துவது 62,500 ரூபாய் மட்டுமே. விளம்பரத்தில் விலை உயர்ந்ததாகத் தெரிந்த கப்பலே தனிப் பயணிக்கு மலிவானதாகிறது. ஆடம்பர நிறுவனங்கள் சில, தேர்ந்தெடுத்த பயணங்களில் இத்தகைய குறைந்த கூடுதல் கட்டணத்தை அறிவிப்பது உண்டு.

இத்தொகையுடன் துறைமுகக் கட்டணம், வரி, நாள்தோறும் ஆளுக்கு இவ்வளவு என்று கணக்கில் ஏற்றப்படும் டிப்ஸ் ஆகியவற்றைக் கூட்ட வேண்டும். இவை பெரும்பாலும் தலைக்கணக்கு என்பதால், தனிப் பயணி ஒருமுறைதான் செலுத்த வேண்டியிருக்கும். விலைப்பட்டியலில் இரண்டு பேருக்குப் போடப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. ஒற்றை அறை என்ற பெயரைக் கண்டதும் அதுவே மலிவு என்று முடிவுகட்டவும் கூடாது. அத்தகைய அறைகள் எண்ணிக்கையில் குறைவு. விரைவில் விற்றுத் தீர்ந்துவிடும். தேவை மிகும்போது, சாதாரண இருவர் அறையை இரட்டைக் கட்டணத்தில் எடுப்பதைவிட ஒற்றை அறையின் விலை உயர்ந்துவிடுவதும் உண்டு. ஒற்றை அறை வேண்டுவோர் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்வதும், சாதாரண அறை போதும் என்போர் பள்ளி விடுமுறை அல்லாத காலத்தைத் தேர்வு செய்வதும் பயன் தரும்.

கட்டணத்துக்கு அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியது கப்பலின் இயல்பு. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் குழந்தைகளோடு வரும் மாபெரும் கப்பலில் கேளிக்கைக்குக் குறைவிருக்காது. ஆனால், அந்தக் கூட்டத்துக்கு நடுவே தனிமையும் கூடும். நடுத்தர அளவுள்ள கப்பல்களில், குறிப்பாகக் கடலிலேயே பல நாள்களைக் கழிக்கும் பயணங்களில், அதே முகங்களை மீண்டும் மீண்டும் சந்திக்க நேர்வதால் பழக்கம் எளிதில் உண்டாகிறது. உணவு மேசையில் மற்றவர்களுடன் சேர்ந்து அமரும் ஏற்பாடு இருக்கிறதா, தனிப் பயணிகள் சந்திக்க முதல் நாளிலேயே நிகழ்ச்சி உண்டா, கரைச்சுற்றுலாவுக்குக் குறைந்தபட்சம் இருவர் தேவை என்ற விதி உள்ளதா என்பவற்றை முன்பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்துவழி கேட்டுப் பெறலாம்.

நுழைவு இசைவு குறித்தும் நம் நாட்டவர் கவனமாக இருக்க வேண்டும். சிங்கப்பூரிலோ ஐரோப்பிய நகர் ஒன்றிலோ ஏறி, வேறு நாட்டுத் துறைமுகம் சென்று, ஏறிய இடத்துக்கே கப்பல் திரும்பும்போது, அந்த நாட்டுக்குள் இரண்டாம் முறை நுழைவதாகக் கருதப்படலாம். ஒருமுறை மட்டுமே நுழைய அனுமதிக்கும் விசா அங்கே உதவாது. நடுக்கடலில் நோயுற்றால் கப்பல் மருத்துவரின் கட்டணமும், ஹெலிகாப்டரில் கரைக்குக் கொண்டுசெல்லும் செலவும் மலைக்க வைக்கும். துணை இல்லாதவருக்கு, அவசர வெளியேற்றத்தையும் உள்ளடக்கிய மருத்துவக் காப்பீடு இன்றியமையாதது.

இவை அனைத்தையும்விட முக்கியமானது பாதுகாப்பு. கணவனும் மனைவியுமாகச் சென்றவர்களில் ஒருவர் கரையிலிருந்து திரும்பாவிட்டால், மற்றவர் கப்பலை நிறுத்தச் சொல்வார். தனியாகச் சென்றவருக்காகக் குரல் கொடுக்க யாரும் இல்லை. அவர் திரும்பவில்லை என்பதைக் கப்பலின் பதிவேடுதான் சொல்ல வேண்டும். 2025 அக்டோபரில் ஆஸ்திரேலியாவின் லிசார்டு தீவில் நடந்தது இதைத்தான் உணர்த்துகிறது. சுற்றுலாக் கப்பலில் தனியாக வந்து, அத்தீவில் மலையேறச் சென்ற முதிய பெண்மணி ஒருவர் திரும்பாத நிலையிலேயே கப்பல் புறப்பட்டுவிட்டது. அவர் இல்லாதது தெரிந்து கப்பல் திரும்பி வந்து தேடுதல் நடந்தது; மறுநாள் அவர் சடலமாகவே மீட்கப்பட்டார். இறங்கியவர் எத்தனை பேர், ஏறியவர் எத்தனை பேர் என்ற எளிய கணக்கு, தனிப் பயணிக்கு உயிர்க்கணக்கு.

உல்லாசக் கப்பல்கள் பல பஹாமாஸ், பனாமா, மால்டா போன்ற நாடுகளில் பதிவு செய்யப்பட்டவை. கப்பலில் குற்றம் நடந்தால் எந்த நாட்டுக் காவல் துறை விசாரிக்கும் என்பதே குழப்பமாகிவிடுகிறது. இதை உணர்ந்த அமெரிக்கா, 2010-இல் கப்பல் பயணிகள் பாதுகாப்புக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. அந்நாட்டுத் துறைமுகங்களில் பயணிகளை ஏற்றி இறக்கும் பெரிய கப்பல்களில் அறைக் கதவுகளில் வெளியே பார்க்கும் துளை இருக்க வேண்டும். பக்கவாட்டுத் தடுப்பு குறைந்தது 42 அங்குல உயரம் இருக்க வேண்டும். குற்றங்களைக் காவல் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தப் புள்ளிவிவரம் நிறுவனவாரியாக வெளியிடப்படுகிறது. தனியாகப் பயணிக்கும் பெண் ஒருவர் நிறுவனங்களை ஒப்பிட இதைவிட நல்ல பட்டியல் இருக்க முடியாது.

இந்தியாவில் இவற்றைப் பேச இதுவே தக்க தருணம். மத்திய அரசு 2024 செப்டம்பர் 30 அன்று மும்பையில் ‘குரூஸ் பாரத்’ இயக்கத்தைத் தொடங்கியது. கப்பல் சுற்றுலாப் பயணிகளின் எண்ணிக்கையை 2029-ஆம் ஆண்டுக்குள் இரட்டிப்பாக்குவது அதன் இலக்கு. மும்பையில் புதிய சர்வதேச முனையம் 2025 செப்டம்பரில் திறந்துவைக்கப்பட்டது. முனையங்களும் சலுகைகளும் பொதுப் பணத்தில் உருவாகும்போது, பயணிகளின் நலனை நிபந்தனையாக வைக்க அரசுக்கு முழு உரிமை உண்டு.

தமிழகத்துக்கு இதில் தனி அக்கறை வேண்டும். மத்திய புள்ளியியல் அமைச்சகம் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2021-இல் தமிழக மக்கள்தொகையில் அறுபது வயதைக் கடந்தோர் 13.6 சதவீதம், கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்குத்தான். கணவரை இழந்த ஓய்வூதியதாரர், திருமணம் செய்துகொள்ளாத ஆசிரியை, பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனித்திருக்கும் முதியவர் எனக் கையில் ஓரளவு பணமும் மனதில் ஆசையும் இருந்தும் துணையில்லாதோர் பெருகி வருகிறார்கள். கடல்வழிப் பயணத்தில் பெண்ணை உடன் அழைத்துச் செல்லும் வழக்கம் இல்லை என்கிறது தொல்காப்பியம். அவளாகவே கப்பல் ஏறிக் கடலைக் காணப் புறப்படும் காலம் இது. அவளிடம் கட்டண வாயிலில் ‘உடன் வருபவர் யார்’ என்று கேட்பதும், யாருமில்லை என்றால் இருமடங்கு வசூலிப்பதும் சுற்றுலா வளர்ச்சிக்கு அழகல்ல.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. முதலாவதாக, கப்பல் பயண விளம்பரங்களில் இருவர் தங்கும் கட்டணத்துக்கு இணையான எழுத்தளவில், ஒருவர் மட்டும் தங்கினால் ஆகும் முழுக் கட்டணமும் வெளியிடப்பட வேண்டும். விலையைத் துண்டு துண்டாக வெளிப்படுத்தி நுகர்வோரை ஏமாற்றும் உத்தியை, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிமுறைகளிலேயே தடை செய்துள்ளது. அந்த நெறிமுறையின் நோக்கத்தைக் கப்பல் துறையில் உறுதியாகச் செயல்படுத்தினாலே பாதி வேலை முடிந்துவிடும். கலிபோர்னியா மாகாணத்தில் 2024 ஜூலையில் கட்டண வெளிப்படைத்தன்மைச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும், பெரிய கப்பல் நிறுவனங்கள் வரியும் துறைமுகக் கட்டணமும் சேர்ந்த விலையைக் காட்டத் தொடங்கின. சட்டம் கேட்டால் நிறுவனங்கள் செய்யும் என்பதற்கு அதுவே சான்று.

இரண்டாவதாக, இந்தியத் துறைமுகங்களைத் தளமாகக் கொண்டு ஆண்டு முழுவதும் இயங்கும் கப்பல்கள், குறிப்பிட்ட விழுக்காடு அறைகளைத் தனிப் பயணிகளுக்குக் குறைந்த கூடுதல் கட்டணத்தில் ஒதுக்குவதைச் சலுகைகளுக்கான நிபந்தனையாக்கலாம். பயணிகள் குறையும் பருவத்தில் காலியாகச் செல்லும் அறையைவிட ஒருவர் தங்கும் அறை நிறுவனத்துக்கும் லாபமே. மூன்றாவதாக, இறங்குவோர், ஏறுவோர் கணக்கைச் சரிபார்க்காமல் கப்பல் புறப்படக் கூடாது என்பது தண்டனைக்குரிய விதியாக வேண்டும். கப்பல்களில் நிகழும் குற்றங்கள், காணாமல்போனோர் குறித்த விவரங்களும் ஆண்டுதோறும் பொதுவெளியில் வைக்கப்பட வேண்டும்.

தனியாகப் பயணம் செய்பவர் சலுகை கேட்கவில்லை. தான் உண்ணும் உணவுக்கும், உறங்கும் படுக்கைக்கும் உரிய விலையைச் செலுத்த அவர் தயாராகவே இருக்கிறார். அந்த விலை என்ன என்பதை முன்கூட்டியே நேர்மையாகச் சொல்வதும், கரையில் இறங்கிய அவர் திரும்பி வந்தாரா என்று பார்த்துவிட்டு நங்கூரம் தூக்குவதும் நிறுவனங்களின் கடமை. அந்தக் கடமையைச் சட்டமாக்குவது அரசின் பொறுப்பு.